பதினாலு ஸ்பூன் சூப்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் மழுப்பினேன் என்று ஆகிவிடும். வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்த என் அத்தானை நான் ஓட்டலுக்குக் கூட்டிப் போனேன். அவர் சூப் குடித்தார். பதிமூன்றாம் நாள் இறந்துபோனார்.

இதற்கு நான் எழுதிப் பார்த்த ஆரம்பங்கள்:

பரபரப்பான சாலையில், மூன்று படி ஏறினால் வரும் அந்தச் சின்ன ஓட்டலில், ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் சிரிப்புச் சத்தம்—

இது விளம்பரம். வேண்டாம்.

அத்தான் சாப்பாட்டுப் பிரியர். அவர் ஒரு—

சாப்பாட்டுப் பிரியர் என்று கதையில் எழுதினாலே ஆள் பிழைக்க மாட்டார். உங்களுக்கும் அது தெரியும்.

2

மேசையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு, ஜன்னலோரம், ஐந்து பேர். அக்கா நீதிமன்றத்தில் தட்டச்சர். சாட்சி சொல்வதைச் சொல் பிசகாமல் அடிப்பது அவள் வேலை. அத்தான் லிஃப்ட் மெக்கானிக். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் கிரீஸ் கறுப்பு போகாது. அவர்கள் மகள் கல்லூரியில் படித்தாள். பிறகு நான். ஐந்தாவது ஆள் அத்தானோடு வேலை செய்பவர்; அத்தான் அவருக்கு வைத்த பெயர் ஸ்பேனர்.

[ஸ்பேனர் இந்தக் கதைக்குத் தேவையில்லை. இரண்டு முறை வெட்டினேன். ஆனால் அவர் இல்லாமல் அந்த மேசையில் அத்தான் சிரிப்பதை எனக்கு எழுத வரவில்லை. அதனால் இருக்கட்டும்.]

அத்தான்தான் எல்லோருக்கும் சொல்வார். மெனு அட்டையைத் தொடமாட்டார். "இவளுக்கு நூடுல்ஸ், காரம் கம்மி. என் மச்சானுக்கு வறுத்த மீன், முள்ளு பாத்து எடுத்துக் குடுங்க, எழுத்தாளர், கவனம் எங்கயோ இருக்கும்." ஸ்பேனர் இரண்டாவது தட்டுக்குக் கை நீட்டினால், "யோவ், ஓவர்லோடு! மணி அடிக்குது, ஒரு ஆள் இறங்குங்க" என்பார். அவ்வளவு பெரிய நகைச்சுவை ஒன்றும் இல்லை. நாங்கள் ஒவ்வொரு முறையும் சிரித்தோம்.

பரிமாறும் அம்மாளுக்கு அவர் வைத்த பெயர் மேஜர். விறைப்பாக நடப்பார், எதையும் குறித்துக்கொள்ள மாட்டார், ஒன்றையும் மறக்க மாட்டார். மேஜர் எதைக் கொண்டுவந்து வைத்தாலும் அத்தான் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு "பிரமாதம்" என்பார். தீய்ந்துபோயிருந்தாலும் பிரமாதம்தான். சமைத்தவர் முகம் வாடக் கூடாது அவருக்கு.

3

பிறகு தொண்டையில் நோய். கதிர்வீச்சு முப்பத்து மூன்று முறை. விழுங்குகிற தசை செத்துப்போனது. எதைக் குடித்தாலும் நுரையீரலுக்குப் போகும் என்றார்கள். வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். காலை, மதியம், மாலை என்று அக்கா பெரிய ஊசிக்குழலில் வெளுத்த மாவுத் திரவத்தை ஊற்றுவாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

[இந்த இடத்தில் அவரைத் தைரியசாலியாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவர் எரிந்து விழுந்தார். மகள் பக்கத்து அறையில் பிஸ்கட் கடிக்கும் சத்தம் கேட்டால் கதவைச் சாத்தச் சொன்னார். அவள் மொட்டைமாடிக்குப் போய்ச் சாப்பிடப் பழகிக்கொண்டாள்.]

ஓட்டலுக்குப் போவது நின்றது. ஸ்பேனர் வருவதும் குறைந்தது.

4

ஒரு செவ்வாய்க்கிழமை. அக்கா நீதிமன்றத்தில், மகள் கல்லூரியில். அத்தானைப் பார்த்துக்கொள்ளும் முறை என்னுடையது.

"டேய்" என்றார். குரல் அல்ல, காற்று. "அங்க போலாம்டா."

"எங்க?"

"மேஜர் கிட்ட. சும்மா உக்காந்துட்டு வரலாம். நீ சாப்பிடு, நான் பாக்கறேன்."

"அக்கா கொன்னுடுவா அத்தான்."

"அவ அஞ்சரைக்குத்தான் வருவா."

வாடகைக் காரில் போனோம். மேஜருக்கு நோய் விவரம் தெரியாது. ஆள் இளைத்ததைப் பார்த்து ஒன்றும் கேட்காமல் ஜன்னலோர மேசையைத் துடைத்துக் கொடுத்தார். அத்தான் எனக்கு வறுத்த மீன் சொன்னார், தனக்குக் காளான் சூப். "வாசனை பிடிக்க" என்றார் என்னிடம்.

நான் சாப்பிட்டேன். அவர் என் வாயையே பார்த்தார். "மெதுவா மெல்லுடா" என்றார். பிறகு ஸ்பூனை எடுத்தார்.

நான் தடுக்கவில்லை.

முதல் பிரதியில் இதற்கு இரக்கம் என்று காரணம் எழுதினேன். இரண்டாவதில், அவர் என்னைவிடப் பெரியவர், உரிமை இல்லை என்று. இரண்டும் பொய்யில்லை. ஆனால் அன்று காகித நாப்கினில் நான் எழுதிவைத்தது இன்னும் என்னிடம் இருக்கிறது: 'ஸ்பூன் உதட்டைத் தொடும்போது கண்ணை மூடுகிறார். எட்டு மாதத்துக்குப் பிறகு முதல் வாய்.' அந்த முகம் எப்படி மாறும் என்று எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது. அதனால்தான் என் கை மேசைக்கு அடியிலேயே இருந்தது.

முதல் வாய் உள்ளே போனது. இருமினார். கண்ணில் நீர் வந்தது. அடங்கியதும் சொன்னார்: "ஒண்ணும் தெரியலடா. ருசியே இல்ல. சூடு மட்டுந்தான் தெரியுது."

"அப்ப வச்சிடுங்க அத்தான்."

அவர் நிமிர்ந்தார். நாலடி தள்ளி மேஜர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அத்தான் அவருக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். பிரமாதம். பிறகு கிண்ணத்தை முடித்தார்.

5

மூன்றாம் நாள் காய்ச்சல். நுரையீரலில் சீழ். "எச்சில் இறங்கினாலே இப்படி ஆகலாம், எதனாலன்னு உறுதியா சொல்ல முடியாது" என்றார் மருத்துவர். அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு எட்டு மாதம் இருந்தேன். அக்காவிடம் மூச்சு விடவில்லை.

6

போன மாதம் அக்கா போன் செய்தாள். "ஞாயித்துக்கிழமை அந்த ஓட்டலுக்குப் போலாமா? வீட்டுல ரெண்டு பேரா உக்காந்து சாப்பிட்டுச் சாப்பிட்டு அலுத்துப்போச்சுடா." வேறு இடம் சொல்லிப் பார்த்தேன். "அங்கதான்" என்றாள்.

போனோம். அக்கா, மகள், நான். மேஜர் தண்ணீர் வைத்தார். "சார் வரலையா?" என்றார். அக்கா சொன்னாள். மேஜர் அப்படியே நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கு இவர்கூட வந்தப்ப எவ்வளவு ஆசையா சூப் குடிச்சாரு! கிண்ணத்துல ஒரு சொட்டு வைக்கல. அதை நினைச்சாவது மனசைத் தேத்திக்கங்கம்மா."

[ஒரு பிரதியில் மேஜரை வம்புக்காரி ஆக்கினேன். எனக்கு அது வசதியாக இருந்தது. உண்மையில் அவர் ஆறுதல்தான் சொன்னார்.]

மேஜர் போனதும் அக்கா என் பக்கம் திரும்பினாள். குரல் ஏறவில்லை.

"என்னிக்கு?"

"செவ்வாய்க்கிழமை. காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடி."

"எத்தனை மணி?"

"மூணு இருக்கும்."

"இருக்குமா, மூணா?"

"மூணு பத்து."

"எத்தனை ஸ்பூன்?"

"எண்ணலக்கா."

"நீயா எண்ணாம இருந்திருப்ப?"

"பதினாலு."

"இருமினாரா?"

"ஆமா."

"எத்தனாவதுல?"

"முதல்லயே."

மகள் முள்கரண்டியைத் தட்டில் வைத்தாள்.

7

இதற்கு மேல் நான் எழுதிய முடிவு இது:

மகள் என் கையைப் பிடித்து, "மாமா, நானும் அப்பாவுக்கு ஒருநாள் ஐஸ்கிரீம் கொடுத்தேன்" என்று அழுதாள். அக்கா எங்கள் இருவரையும்—

அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. குற்றத்தில் ஒரு பங்காளி கிடைத்தால் தேவலை என்று நான் அவள் வாயில் வைத்த வசனம் அது. பத்தொன்பது வயதுப் பெண்ணின் தலையில் இதைக் கட்டப் பார்த்தேன். அடித்த வரிகளை அழிக்காமல் விடுகிறேன், நீங்களும் பாருங்கள்.

நடந்தது இதுதான். அக்கா வெகுநேரம் தண்ணீர் டம்ளரைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அப்புறம் கேட்டாள். இந்தக் கேள்வியில் மட்டும் அவள் குரல் நீதிமன்றத்துக் குரலாக இல்லை.

"ருசி தெரிஞ்சுதாடா அவருக்கு?"

நான் ஒரு பதில் சொன்னேன். கேட்டுத் தலையசைத்தாள். மகளிடம், "சாப்பிடு, ஆறிடும்" என்றாள். தன் தட்டைக் கடைசிவரை சாப்பிட்டாள். என்னைப் பார்க்கவில்லை. வாசலில் மகள் மட்டும் "வரேன் மாமா" என்றாள். அதற்கப்புறம் இரண்டு ஞாயிறு போய்விட்டது. நான் போன் செய்தால் மணி அடித்து ஓய்கிறது.

அவள் விலகிப் போனது நான் செய்ததற்கா, சொன்ன பதிலுக்கா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பதிலை எட்டு விதமாக எழுதிப் பார்த்தேன். உண்மையை எழுதினால் என் கொடுமை தெரிகிறது. பொய்யை எழுதினால் என் கோழைத்தனம். எதை எழுதினாலும் வாசிக்க நன்றாக இருக்கிறது, அதுதான் பயமாக இருக்கிறது. அதனால் எழுதப்போவதில்லை.

கொஞ்சம் தள்ளி உட்காருகிறேன். என் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். எதிரே அவள், டம்ளரில் கை. உங்களுக்கு எல்லாம் தெரியும், நான் ஒளிக்கவில்லை.

"சொல்லுடா. ருசி தெரிஞ்சுதா?"

" "