ஜன்னலுக்கு ஜன்னல்

ராய்ஸ், காரின் டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்தபடி சிரித்துக்கொண்டிருந்தான். சிரிப்பு அடங்கியது என்று நினைக்கும்போது மறுபடி ஏதோ ஞாபகம் வந்து குலுங்குவான்; கார்க் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பூட்ஸ் கால்கள் இரண்டும் சேர்ந்து ஆடும். ஆர்லன் குசேரா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

"இருபது வருஷமா இந்தக் கடைய நடத்துறேன் ஷெரீஃபய்யா. உங்க வண்டிக்கு நான் போலீஸோட வேக ரேடார மோப்பம் பிடிச்சுக் கத்துற டிடெக்டர் மாட்டுவேன்னு யாராவது சொல்லியிருந்தா, போடா குடிகாரான்னு விரட்டியிருப்பேன்."

"நான் ஷெரீஃப் இல்ல. அவருக்குக் கீழ டெபுடியாத்தான் இருந்தேன். இப்ப அதுவும் இல்ல."

"எனக்கு மூணு தடவ அபராதம் எழுதின கை உங்க கை. உங்களுக்குப் பதவி உயர்வு குடுக்க எனக்கில்லாத உரிமையா?"

மூன்று தடவையும் ஒரே இடம். ஊருக்கு மேற்கே, தானியக் கிடங்கின் பின்னால் ஆர்லன் ரோந்துக் காரை மறைத்து நிறுத்தியிருப்பது தெரிந்தும் ராய்ஸ் அந்த வழியாகத்தான் பறப்பான், அவன் வீடு அதற்கு அப்பால். முதல் தடவை பிடிபட்டபோது, வண்டிக்குள் ஒரு குளவி புகுந்துவிட்டது, முழங்கைக்கு மேலே கொட்டிவிட்டது, அந்தப் பதற்றத்தில் கால் அழுந்திவிட்டது, குளவி கருநீலம், இறக்கை மட்டும் சிவப்பு என்று மூச்சுவிடாமல் அளந்தான். "கொட்டின இடத்தைக் காட்டு" என்றார் ஆர்லன். ராய்ஸ் சட்டைக் கையை மெதுவாகச் சுருட்டி, வெறும் கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினான். ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. ஆர்லன் முகம் மாறாமல் எழுதிக் கொடுத்துவிட்டு, தன் காருக்குத் திரும்பி வந்து வயிறு வலிக்கச் சிரித்தார். அந்தக் கதையை அவர் சொல்லாத ஆளில்லை.

"அது சரி, இது எதுக்கு இப்ப?" என்று கேட்டான் ராய்ஸ், ஃபியூஸ் பெட்டிக்குள் விரலை விட்டபடி.

"டென்வருக்கு அடிக்கடி போகணும். அங்க தங்கச்சி இருக்கா."

டென்வரில் அவருக்குத் தங்கையும் கிடையாது, தமக்கையும் கிடையாது. ராய்ஸ் வேலையைத் தொடர்ந்தான். ஒயரை கூரைத் துணிக்குள் தட்டையான பிளாஸ்டிக் கத்தியால் அங்குலம் அங்குலமாகத் தள்ளி மறைத்து, பின்பார்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவு கறுப்புப் பெட்டியைப் பொருத்தினான். சாவியைத் திருப்பியதும் அது சிவப்பு எழுத்தில் கண்விழித்து ஒருமுறை கீச்சிட்டது. "சூப்பர் மார்க்கெட்டுக் கதவு தானாத் திறக்குதில்ல, அதுக்கும் இது கத்தும். பயந்துடாதீங்க" என்றான். மாவட்டத்து ரோந்துக் கார்களுக்கு ரேடியோவும் ரேடாரும் மாட்டிக் கொடுப்பவனும் இந்த ராய்ஸ்தான். வேட்டைக்காரனுக்கும் அவன்தான் ஆள், முயலுக்கும் அவன்தான்.

ஆர்லனுக்கு அந்தப் பெட்டி தப்பிப்பதற்காக அல்ல. தேடுவதற்காக.

வேலையில் இருந்த காலமெல்லாம் அவர் மனுஷர்களோடு பேசியது கார் ஜன்னல் வழியாகத்தான். ரோந்துக் கார்கள் இரண்டு சந்தித்துக்கொண்டால் எதிரும் புதிருமாக, ஓட்டுநர் ஜன்னலும் ஓட்டுநர் ஜன்னலும் ஒட்டிக்கொள்ளும்படி நிறுத்துவார்கள். இவன் முதுகுப் பக்கத்தை அவன் பார்த்துக்கொள்வான், அவன் முதுகை இவன். இன்ஜின் ஓடிக்கொண்டேயிருக்கும். முழங்கையை வெளியே போட்டுக்கொண்டு, காகிதக் கோப்பைக் காப்பியோடு, பல்கலைக்கழக அணி தோற்ற ஆட்டத்திலிருந்து கன்றுக்குட்டி விலை வரை பேசலாம். முகத்தை நேராகப் பார்க்க வேண்டியதில்லை. எந்த நிமிஷமும் அழைப்பு வந்து போய்விடலாம் என்பதால் பேச்சுக்கு ஒரு ருசி. அப்படிப்பட்ட ஜன்னலில் ஆர்லனுக்கு வாய் மூடாது. சாப்பாட்டு மேஜையில் ஒரு வார்த்தை வராது. "எதிர்ல உக்காந்தா ஊமை, கார்ல உக்காந்தா வானொலி. நான் என்ன ரோட்டுலயா குடித்தனம் பண்ண முடியும்?" என்று கேட்டுவிட்டுத்தான் அவர் மனைவி லொரெய்ன் அவரை விட்டு ஒமாஹா நகரத்துக்குப் போனாள். அது பழைய கதை. அவள் சொன்னது நியாயம் என்றுதான் ஆர்லனும் நினைத்தார்.

ஓய்வு பெற்ற அன்று கேக் வெட்டி, பெயர் பொறித்த பலகை கொடுத்து, இடுப்பு ரேடியோவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ரேடியோ போனதோடு காது போன மாதிரி ஆகிவிட்டது. யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. ஏலத்துக்கு வந்த தன் பழைய ரோந்துக் காரையே வாங்கிக்கொண்டார். வெள்ளை ஃபோர்டு, கதவிலிருந்து ஷெரீஃப் நட்சத்திரச் சின்னத்தை உரித்துவிட்டாலும் சாய்ந்த வெயிலில் அதன் தழும்பு தெரியும். மதியம் உணவகத்துக்குப் போய் மிளகாய்க் கறியும் இலவங்கப்பட்டை ரொட்டியும் சாப்பிடுவார். விவசாயிகளின் மேஜையில் இடம் போடுவார்கள், மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் அவர் உட்கார்ந்ததும் பேச்சு மழைக்குத் தாவி, மழையிலேயே காய்ந்துபோகும். அந்த மேஜையில் அவரிடம் அபராதம் கட்டாதவர் ஒருவர்கூட இல்லை. யாருக்கும் கோபமில்லை, அதுதான் கொடுமை. கோபமிருந்தாலாவது நாலு வார்த்தை வந்திருக்கும்.

முதல் நாள் பெட்டி கத்தியது சூப்பர் மார்க்கெட் வாசலில். ராய்ஸ் சொல்லியிருந்தும், இத்தனை வருஷம் ரேடாரோடு குடித்தனம் நடத்தியும், ஆர்லனின் கால் தானாக பிரேக்குக்குப் போய் தலை திரும்பியது. வண்டி தள்ளுகிற ஒரு கிழவியைத் தவிர யாருமில்லை. சீ, என்ன ஆசை இது என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

இரண்டாம் நாள் வடக்குச் சாலையில் நிஜமாகவே பிடித்தது. முதலில் சன்னமாக ஒரு கீச்சு, பிறகு அடுக்கடுக்காக. பாலத்துக்குப் பக்கத்தில் ரோந்துக் காரோடு மரிசெல் ஓர்டேகா நின்றிருந்தாள். டெபுடி வேலைக்கு வந்து இரண்டு வருஷமான பெண், இறைச்சி ஆலையில் வேலை பார்க்கும் குடும்பம், கெட்டிக்காரி. ஆர்லன் எதிர்ப்பக்கமாகத் திருப்பி ஜன்னலோடு ஜன்னல் நிறுத்தினார். கண்ணாடி இறங்கிய சத்தம் கேட்டபோது நெஞ்சுக்குள் ஏதோ அவிழ்ந்தது, உண்மையில் கண்ணே கலங்கிவிட்டது.

"நீங்கதான்னு தெரியும் சார்" என்று சிரித்தாள் மரிசெல். "ரேடார்ல அறுபது மைல்னு வந்துச்சு. அம்பத்தொம்பது இல்ல, அறுபத்தொண்ணு இல்ல. இந்த மாவட்டத்துல சட்டத்த இப்படி அளந்து ஓட்டுற ஆளு வேற யாரு?"

அன்று வெகுநேரம் பேசினார்கள். மறுவாரமும் அவளைக் கண்டுபிடித்தார், அதற்கடுத்து ரோந்தில் இருந்த மற்ற இரண்டு பையன்களையும். ஆர்லனுக்கு நாள் விடிவதற்கு ஒரு காரணம் கிடைத்தது. இரண்டு காப்பியாக வாங்கிக்கொண்டு போனார். கதைகளைச் சொன்னார். குளவிக் கதையை மரிசெலிடம் ஆரம்பித்தபோது அவள் "சொல்லிட்டீங்க சார்" என்றாள், மெதுவாக. இருந்தாலும் அவர் முடித்தார். வெறும் கை வெளியே வரும் இடத்தை விட மனசில்லை. அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு மடியிலிருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

பிறகு பெட்டிக்கு என்னவோ ஆனது. தூரத்தில் கீச்சிடும், ஏறுமுகமாக இரண்டு மூன்று தடவை கத்தும், சட்டென்று செத்துப்போகும். அவர் அந்த இடத்துக்குப் போய்ச் சேரும்போது சரளைக்கல்லில் சக்கரத் தடமும், இன்னும் அடங்காத தூசியும்தான் இருக்கும். ஒரு தடவை என்றால் ஏதோ அவசர அழைப்பு. வடக்குச் சாலையிலும் அப்படி, மேற்கிலும் அப்படி, மூன்று பேரிடமும் அப்படி என்றால்? கையிலிருந்த இரண்டாவது காப்பியை ஜன்னல் வழியாகப் புல்லில் ஊற்றினார் ஆர்லன். ரேடாரை நிறுத்த ஒரு பொத்தான் போதும், கட்டை விரலடியில் இருக்கும். எத்தனை ஆயிரம் தடவை அமுக்கியிருப்பார்! ஆனாலும் மெஷின் கோளாறாக இருக்கலாம். இருக்கக்கூடாதா என்ன? மலிவான சரக்கு, வெயிலில் காய்ந்து கிடக்கிறது. மெஷின் கோளாறாக இருந்துவிட்டால் போதும் என்று, கோயிலுக்குப் போகாத மனுஷன் கிட்டத்தட்ட வேண்டிக்கொண்டே ராய்ஸின் கடைக்கு வண்டியை விட்டார்.

ராய்ஸ் இந்தத் தடவை சிரிக்கவில்லை. பெட்டியைக் கழற்றி மேஜைக்குக் கொண்டுபோய், ரோந்துக் காருக்காக வைத்திருந்த ரேடாரை அதன் முன்னால் போட்டான். பெட்டி கணீரென்று கத்தியது. அணைத்தான், அடங்கியது. போட்டான், கத்தியது. ராய்ஸ் ரேடாரை அணைத்துவிட்டு, துணியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த கையைத் துடைத்தான்.

"கோளாறுதான்" என்றான்.

"நல்லாத்தான கத்துது?"

"பக்கத்துல கத்தும். தூரத்துலதான் பிரச்சனை. உள்ள ஈரம் இறங்கியிருக்கு. இந்த வரிசையில வந்த பெட்டி எல்லாத்துக்கும் இதே சீக்கு, நார்த் பிளாட் ஊர்லேருந்து ஒருத்தரு போன வாரம் திருப்பிக் கொண்டாந்தாரு, பல்லு வைத்தியர் ஒருத்தரு, சிவப்புக் கார். சூடேறினா உள்ள ஒரு சில்லு விரிஞ்சுக்கும், அப்ப சத்தம் நின்னுடும். உங்க மேல தப்பே இல்ல. வேற யார் மேலயும் தப்பில்ல. நான் புதுசு தர்றேன்."

ஆர்லன் அவனையே பார்த்தார். வாழ்நாள் முழுக்க ஜன்னலோரம் நின்று பொய் கேட்டவர். உண்மை சொல்கிறவன் ஒரு வரியோடு நிறுத்திவிடுவான். பொய்தான் நிறமும் இறக்கையும் வைத்துக்கொண்டு வரும். ரோந்துப் பிள்ளைகள் இந்தக் கடைக்கு வருகிறார்கள், இந்த மேஜையில் சாய்ந்துகொண்டு பேசுகிறார்கள். "அறுபதுன்னு காட்டினா கிழவர்தான், பொத்தான அமுக்கிட்டுக் கிளம்பிடுவோம்." எந்த வார்த்தையில் சொல்லியிருப்பார்கள், யார் முதலில் சிரித்திருப்பார்கள் என்பதுகூட அவருக்குத் தெரிந்தது. அவமானமாக இருந்தது. அதற்கு மேல், தான் மூன்று தடவை தண்டித்த ஒருவன் வியர்க்க வியர்க்கத் தனக்காகப் பொய் சொல்லிக்கொண்டிருப்பது தாங்க முடியாததாக இருந்தது.

"குளவி ஏதாவது உள்ள பூந்திருக்குமோ?" என்று கேட்டார்.

ராய்ஸின் கை துணியோடு நின்றது.

"இருக்கும் ஷெரீஃபய்யா" என்றான் கடைசியில். "குளவியாத்தான் இருக்கும்."

புதுப்பெட்டியை மாட்டிக்கொண்டு ஆர்லன் மேற்கே ஓட்டினார். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. இரண்டு பக்கமும் அறுத்து முடித்த சோளக் காடு. வீட்டுக்குத் திரும்பும் சந்திப்பு வந்தது, திரும்பவில்லை. தானியக் கிடங்கு கண்ணில் படுவதற்கு முன்பே பெட்டி கீச்சிட்டது. மறுபடி ஒன்று. வேக முள் அறுபதில் ஆணி அடித்தாற்போல் நின்றது. இந்நேரம் அங்கே ஒரு கட்டை விரல் பொத்தானுக்குப் போயிருக்கும்.

அறுபதாக இருந்தால்தானே அது ஆர்லன்.

கால் தன்பாட்டுக்கு அழுந்தியது. அறுபத்தைந்து. வாழ்க்கையில் முதல் தடவையாகக் காரணமில்லாமல் எழுபது. பழைய ரோந்துக் காரின் இன்ஜின் இத்தனை நாள் இதற்காகத்தான் காத்திருந்தது போல உறுமியது. எழுபத்தெட்டு. "என்னடா பண்ற முட்டாளே" என்று உரக்கக் கேட்டுக்கொண்டார், காலை எடுக்கவில்லை. பெட்டி நிற்கவில்லை. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மூச்சுவிட இடமில்லாமல் கத்தியது. அவருக்கு வாய்விட்டு அழவேண்டும் போல இருந்தது. கிடங்கைக் கடந்த அரை நிமிஷத்தில் பின்கண்ணாடி முழுக்க சிவப்பும் நீலமுமாகச் சுழன்றது.

ஓரம் கட்டினார். இன்ஜினை அணைத்து, சாவியை பெட்டி உயிரோடிருக்கிற அளவுக்கு மட்டும் திருப்பி வைத்தார். கண்ணாடியை இறக்கினார். மற்றவர்களுக்கு எத்தனையோ தடவை சொன்னபடி இரண்டு கைகளையும் ஸ்டியரிங் மேல், தெரியும்படி வைத்துக்கொண்டார். சரளையில் காலடி. ரோந்து வழக்கப்படி காரின் பின்பக்கத்தை உள்ளங்கையால் ஒருமுறை தொட்டுவிட்டு வந்த மரிசெல், கதவிலிருந்த நட்சத்திரத் தழும்புக்குப் பக்கத்தில் நின்றாள்.

"சார்?" என்றாள். அப்புறம், "ஏன் சார் இவ்வளவு வேகம்?"

பேச எவ்வளவோ இருந்தது. ரேடாரை ஏன் அணைக்கிறீர்கள் என்று கேட்டிருக்கலாம். காப்பியைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். ஆர்லன் முன்கண்ணாடி வழியாக நேரே சாலையைப் பார்த்தார்.

"வண்டிக்குள்ள ஒரு குளவி வந்துடுச்சு மரிசெல்" என்றார். "கொட்டிடுச்சு."

காற்று காய்ந்த சோளத் தாள்களை உரசிக்கொண்டு போயிற்று. வெயில் அவள் தொப்பிக்குப் பின்னால் இருந்ததால் முகம் தெரியவில்லை. சிரிக்கிறாளா, எரிச்சலா, என்ன நினைக்கிறாள் என்று அத்தனை வருஷ அனுபவத்துக்கும் பிடிபடவில்லை.

"கொட்டின இடத்தக் காட்டுங்க" என்றாள்.

ஆர்லன் மணிக்கட்டுப் பித்தானைக் கழற்றினார். சட்டைக் கையை ஒவ்வொரு மடிப்பாக முழங்கைக்கு மேலே சுருட்டி, வெளுத்து, புள்ளி விழுந்து, தசை தொங்கிய வெறும் கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். குளிர் காற்று அதன்மேல் பட்டது. அவள் கொஞ்சம் குனிந்து பார்த்தாள். பின்னால் அவள் கார் ரேடாரை யாரும் அணைத்திருக்கவில்லை. கண்ணாடிப் பக்கத்தில் பெட்டி விடாமல் கத்திக்கொண்டிருந்தது.