போக மனசு வரலை

1.

தலையைக் கொடுத்தவள் காதையும் கொடுத்துத்தான் ஆகவேண்டும். இந்தக் கதை எனக்கு அப்படித்தான் கிடைத்தது, முடி வெட்டிக்கொள்ளப் போன இடத்தில். கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டித் தலையையும் நனைத்துவிட்டால் எழுந்து ஓட முடியாது. மரியாதைக்குத் தலையாட்டவும் முடியாது.

"ஆடாதீங்கக்கா, காது போயிடும்" என்று சொல்லிக்கொண்டே அவள் ஆரம்பித்தாள். "ஒரு நாடே எனக்குக் கதவ சாத்திடுச்சு, தெரியுமா?"

ஓட்டப் பந்தயத்தில் பரிசு வாங்கியதைச் சொல்வதுபோலச் சொன்னாள். முன்முடி கண்ணை மறைத்ததால் அவள் முகம் தெரியவில்லை. அது விலகியதும் கேட்டேன்: "நான் இத எழுதலாமா?"

"எழுதுங்க. ஆனா யாரையும் அழவெக்கக் கூடாது."

அந்த நிபந்தனையோடுதான் எழுதுகிறேன். சில இடங்களில் மீறியிருந்தால் அது கதையின் குற்றம், என்னுடையதல்ல.

2.

முதல் தொடக்கம்: 'விமான நிலையத்தின் வெள்ளை வெளிச்சத்தில் அவள் தன்னந்தனியாக...'

வேண்டாம். விமான நிலையத்தில் தொடங்கும் கதைகளில் எல்லோரும் தன்னந்தனியாகத்தான் நிற்கிறார்கள்.

இரண்டாவது: 'சட்டத்துக்கும் காதலுக்கும் என்றைக்குமே...'

சீச்சீ.

நேராகவே சொல்லிவிடுகிறேன். அவளுக்குக் 'கத்திரி' என்று பெயர் வைத்தவர்கள் வாடிக்கையாளர்கள். கையை வைத்து வந்ததா, வாயை வைத்து வந்ததா என்பதில் இரண்டு கட்சி உண்டு. அவள் வேலை பார்த்த பார்லர் நான்காவது மாடியில் இருந்தது. ஒருநாள் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் அவள் ஏறிய லிஃப்ட் நின்றுவிட்டது. மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"பயப்படாதீங்க, வந்துட்டேன்."

"பயமெல்லாம் இல்ல. ஒருத்தங்க தலையில சாயத்தப் பூசி உக்கார வெச்சிருக்கேன். சீக்கிரம் வாங்க, இல்லன்னா அவங்க செவப்பாயிடுவாங்க."

சிரித்துக்கொண்டே கதவை நெம்பித் திறந்தானே அந்த மெக்கானிக், அவன்தான் லிஃப்ட்காரன். அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்து லிஃப்ட் அடிக்கடி பழுதானது. (இதை அவன் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.)

பிறகு அவனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. அடுத்த விடுமுறையில் கல்யாணம் என்று பேசிவைத்துவிட்டுப் போனான். அடுத்த விடுமுறை ஆமை மாதிரி வந்துகொண்டிருந்தது. பொறுக்க முடியாமல் இவளே மூன்று மாத விசிட் விசா எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவனுடைய அக்கா அங்கேதான் குடியிருந்தாள். அவள் வீட்டு மாடி அறையில்தான் அவனும் இருந்தான்.

3.

இந்தப் பகுதியை எழுதும்போதுதான் எனக்கும் அவளுக்கும் சண்டை வந்தது.

நான் எழுதியிருந்தது இது: 'அவள் ஊர் திரும்பவேண்டிய நாளுக்கு முந்தின வாரம், வேலையிடத்தில் அவன் கால் தவறி விழுந்தான். எலும்பு முறிவு. கட்டிலில் கிடந்தவனை விட்டுவிட்டு எப்படிப் போவது? அவள் பயணச்சீட்டை...'

படித்துப் பார்த்தவள் சீப்பைக் கீழே வைத்தாள்.

"யாருக்குக்கா கால் ஒடஞ்சது?"

"கதைக்காக. ஒரு வலுவான காரணம் இருந்தாத்தானே..."

"அவருக்குக் காய்ச்சல்கூட வரலை. கல்லுக் குண்டாட்டம் இருந்தாரு. எனக்குப் போக மனசு வரலை. அவ்வளவுதான்."

நடந்தது இதுதான். டாக்சி வாசலில் நின்றது. பெட்டி மூடவில்லை. மேலே ஏறி உட்கார்ந்தாள். அப்போதும் மூடவில்லை. அவனும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். பெட்டி மூடிக்கொண்டது. எழுந்திருக்க வேண்டியதுதான் பாக்கி. இருவரும் எழுந்திருக்கவில்லை. டாக்சிக்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். அவன் சிரித்தான், இவளும் சிரித்தாள். கீழேயிருந்து அக்கா கத்தினாள்: "என்ன பண்றீங்க ரெண்டு பேரும்? ஃப்ளைட்டு உங்க மாமனாருதா, காத்திருக்க?"

விமானம் காத்திருக்கவில்லை.

4.

முதல் சில வாரங்கள் தேன் சொட்டியது. அவற்றை எழுதினால் உங்களுக்கு அலுத்துவிடும். காதலர்களின் மகிழ்ச்சி பக்கத்து வீட்டுச் சமையல் வாசனை மாதிரி. நமக்கு ஒரு வாய்கூடக் கிடைக்காது.

பிறகு பயம் வந்தது. சீருடை போட்ட யாரைப் பார்த்தாலும் ஒளிந்துகொண்டாள். தபால்காரர், கடை வாசல் காவலாளி, பள்ளிக்கூட வேன் ஓட்டுநர். ஒரு மாலை கதவைத் திறந்தவள் நீலச்சட்டையைப் பார்த்ததும் படாரென்று சாத்தினாள். வெளியே நின்றது கம்பெனிச் சட்டையில் வந்த லிஃப்ட்காரன்தான்.

கடைவாய்ப் பல் வலி வந்தது. பல் டாக்டரிடம் போனாள். வரவேற்பில் இருந்த பெண் அடையாள அட்டையைக் கேட்டதும், "வலி போயிடுச்சு" என்று சொல்லிவிட்டு, பூரி போல் உப்பிய கன்னத்தோடு திரும்பி வந்தாள். அதைச் சொல்லும்போது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.*

அங்கேயே கல்யாணத்தைப் பதிந்துவிடலாம் என்று விசாரிக்கப் போனவன் தொங்கிய முகத்தோடு வந்தான். பெண்ணுக்கு விசா செல்லாது என்றால் பதிய மாட்டார்களாம். எவனோடு இருப்பதற்காகத் தங்கினாளோ, தங்கிய காரணத்தாலேயே அவனைக் கட்டிக்கொள்ள முடியாமல் போயிற்று.

அக்காவுக்குத் தெரிந்த ஒரு வக்கீல் விளக்கினார். பிடிபட்டால் பல வருஷத் தடை. தானாகவே போனால் மூன்று வருஷம் அந்தப் பக்கம் வர முடியாது. உடம்பு சரியில்லாமல் தங்கியிருந்தால் மட்டும் தடை போடாமல் விடுவதுண்டாம்.

"டிக்கெட் போடு" என்றாள் அவனிடம்.

"இன்னும் கொஞ்ச நாள் பாப்போமே."

"கொஞ்ச நாள் கொஞ்ச நாள்னுதான் இந்த நிலைமைக்கு வந்திருக்கோம். எல்லாரையும் பாத்து ஒளிஞ்சுக்கிட்டே உன்கூட இருக்கறதுக்கு, ஒளியாம தூரத்துல இருக்கேன்."

\* அந்தப் பல்லை இங்கே வந்து பிடுங்கிவிட்டாள். பல்லைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் மேலே படிக்கலாம்.

5.

புறப்பாட்டுக் கவுண்டரில் இருந்த அதிகாரி நடுவயதுப் பெண். பாஸ்போர்ட்டைப் புரட்டினாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"இவ்வளவு நாள் ஏன் தங்கினீர்கள்? உடல்நிலை சரியில்லையா?"

தயவோடு கேட்ட மாதிரிதான் கத்திரிக்குத் தோன்றியதாம். ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

"இல்ல மேடம். நான் கட்டிக்கப்போறவர் இங்க இருக்காரு. கிளம்பினேன். போக முடியலை."

"யாராவது தடுத்தார்களா?"

"யாரும் தடுக்கலை. நானேதான்."

அதிகாரி கொஞ்ச நேரம் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தாள். (இங்கே அவள் கண்ணில் ஈரம் கசிந்ததாக எழுதி, அடித்துவிட்டேன். கசியவில்லையாம்.) மூன்று வருஷத் தடைக்கான முத்திரையைக் குத்திப் பாஸ்போர்ட்டை நீட்டினாள். "பத்திரமாகப் போங்கள்" என்றாள்.

6.

ஊர் வந்து சேர்ந்ததும் அவன் போனில் பொரிந்து தள்ளினான்.

"உடம்பு சரியில்லன்னு சொல்லியிருந்தா விட்டிருப்பாங்க. எனக்காக ஒரு பொய் சொல்ல மாட்டியா?"

"உன்கூட இருக்கணும்னுதான் இருந்தேன். அதப் போய்க் காய்ச்சல்னு சொல்லச் சொல்றியா?"

பேச்சு நின்றது. மாதக்கணக்கில் நின்றது. அவளுடைய அப்பா வேறு இடம் பார்க்கலாமா என்று சாடைமாடையாகக் கேட்டார். அவளோ தரைத்தளத்தில் சொந்தமாக ஒரு பார்லர் திறந்தாள். இனி லிஃப்ட் சகவாசமே வேண்டாம் என்று முடிவு.

இந்த இடத்தில் லிஃப்ட்காரன் மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. கதையிலிருந்தே தூக்கிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் அவனே வந்துவிட்டான்.

ஒரு சனிக்கிழமை. கடை நிறையக் கூட்டம். அவள் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்: "அடுத்தது யாரு?"

"நான்தான்."

பெண்கள் மட்டும் வரும் கடையின் பெஞ்சில், இரண்டு அம்மாக்களுக்கு நடுவில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஒடுங்கி உட்கார்ந்திருந்தான்.

"இங்க ஆம்பளைங்களுக்கு வெட்டறதில்ல."

"வெட்ட வேணாம். திட்டு. அதுக்குத்தான் லீவு போட்டுட்டு வந்தேன்." பிறகு குரலை இறக்கினான். "அன்னிக்கு நீ சொன்னதுதான் சரி. அத வெளிய சொல்ல நான்தான் கூச்சப்பட்டேன்."

பெஞ்சிலிருந்த அம்மா ஒருவர், "எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல, நீ மொதல்ல தம்பிய கவனிம்மா" என்றாராம்.

அந்த விடுமுறையிலேயே கல்யாணம் நடந்தது. விடுமுறை முடிந்ததும் வேலைக்குத் திரும்பினான். இவளே டாக்சியில் ஏற்றிக் கதவைச் சாத்தினாள்.

7.

தடை முடிந்துவிட்டது. அவனுடைய ஒப்பந்தம் முடிய இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. அதுவரை அவனோடு இருந்துவிட்டு இருவரும் சேர்ந்து திரும்பலாம் என்று மறுபடி விசிட் விசாவுக்குப் போட்டிருக்கிறாள். வியாழக்கிழமை நேர்காணல்.

விசா கிடைப்பதாக ஒரு முடிவு எழுதினேன், இனித்து வழிந்தது. கிடைக்காததாக இன்னொன்று எழுதினேன், அழவைக்கக் கூடாது என்ற நிபந்தனைக்கு விரோதமாகப் போயிற்று. மூன்றாவதை எழுதுவதற்குள் முடி வளர்ந்துவிட்டது. இன்று மறுபடி அவளிடம் தலையைக் கொடுத்தேன்.

"அக்கா, நீங்கதான் ஆபீசர். கேளுங்க."

ஈரத்தலையோடு முறைத்தேன். "எதற்காகப் போகிறீர்கள்?"

"புருஷன்கூட இருக்க."

"முன்பு சொன்னபடி திரும்பவில்லையே. இப்போது எப்படி நம்புவது?"

"அன்னிக்கு ஏன் தங்கினேன்னு கேட்டீங்க, மறைக்காம சொன்னேன். இப்ப வருவேன்னு சொல்றேன். ரெண்டையும் சொல்றது ஒரே வாய்தான் மேடம்."

நல்ல பதில். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அதிகாரி வேஷம் தலைக்கேறிவிட்டது.

"அவருடைய ஒப்பந்தத்தை நீட்டித்துவிட்டால்?"

கத்திரிச் சத்தம் நின்றது. கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள்.

"வியாழக்கிழமை வரைக்கும் டைம் இருக்குல்ல? குனிங்க."

இனி என்னிடம் கேட்காதீர்கள். உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன், விசா முத்திரை உங்கள் கையில் இருக்கிறது. குத்துங்கள், அல்லது மறுத்துவிடுங்கள். நானாக இருந்தால் என்ன செய்வேன் என்று சொல்லலாம்தான். ஆனால் பாதித் தலைதான் முடிந்திருக்கிறது, கத்திரி அவள் கையில்.