ஆறு ஓட்டு, இரண்டு பெஞ்சு

பத்துப் பேருக்கு நான்கு இடம், ஆறு பேருக்கு ஒரே ஓர் இடம். இது என்ன கணக்கு என்று வெங்கடம்மாளுக்குப் புரியவில்லை.

முனிசிபல் கூட்டம் முடிந்து வந்தவள் சேலையைக்கூட மாற்றாமல் மாவு மில்லுக்குள் போய் நின்றாள். புருஷன் போன பிறகு பதினொரு வருஷமாக அந்த மில்லை அவள்தான் ஓட்டுகிறாள். மோட்டார் ஓடியும் கல் சுற்றவில்லை என்றால், நடுவில் எங்கோ பெல்ட் நழுவுகிறது. அது அவளுக்குக் கைப்பாடம். இன்றைக்கும் ஏதோ நழுவியிருந்தது. ஆறு பேரும் ஒழுங்காக ஓட்டுப் போட்டார்கள், யாரும் கட்சி மாறவில்லை. அப்படியும் வந்தது ஓர் இடம்தான்.

காரைமேட்டு முனிசிபாலிட்டிக்குப் பதினாறு வார்டு. ஐம்பத்தொன்பதாம் வருஷத் தேர்தலில், பன்னிரண்டு வருஷம் சேர்மனாக இருந்த ஸ்பின்னிங் மில் முதலாளி அழகிரிசாமி நாயுடுவின் பக்கம் அவரையும் வெங்கடம்மாளையும் சேர்த்து ஆறு பேர் ஜெயித்தார்கள். தோட்டம் துரவு நிறைய உள்ள அங்கப்பக் கவுண்டர் பக்கம் பத்துப் பேர். முதல் கூட்டத்தில் சேர்மன் நாற்காலி கை மாறியது. அதில் புதிர் ஒன்றுமில்லை. நாற்காலி ஒன்று, பத்து பெரியது, ஆறு சிறியது.

புதிர் கமிட்டியில்தான் இருந்தது. தேர்தல் முடிந்தால் சேர்மன் மட்டுமல்ல, கல்வி, குடிநீர், சுகாதாரம் என்று எல்லாக் கமிட்டிகளும் புதிதாக அமையும். கமிட்டிக்கு ஐந்து பேர். ஒவ்வொரு கவுன்சிலருக்கும் ஒரு சீட்டு, அதில் ஒரே ஒரு பெயர் எழுதி மடித்துப் போட வேண்டும். அதிகச் சீட்டு வாங்கிய முதல் ஐந்து பேர் கமிட்டி. அன்றைக்குக் கல்விக் கமிட்டி தேர்தல். அழகிரிசாமி ஆறு சீட்டு வாங்கி முதலாவதாக வந்தார். கைதட்டினார்கள். அடுத்த நான்கு இடமும் அங்கப்பன் ஆட்களுக்குப் போயிற்று. அவர்களில் இரண்டு பேர் வெறும் இரண்டு சீட்டு வாங்கியவர்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை குடிநீர்க் கமிட்டி. வெங்கடம்மாளுக்கு அதுதான் முக்கியம். ரயில்வே கேட்டுக்கு வடக்கே நான்கு தெரு இருக்கிறது. மில் வேலைக்காரர்களும் தறிக்காரர்களும் குடியிருக்கிற தெருக்கள். ஊருக்குக் குழாய்த் தண்ணீர் வந்து ஏழு வருஷமாகியும் குழாய் கேட்டைத் தாண்டவில்லை. "கேட்டைத் தாண்டிக் குழாய் வராட்டி என்னைய அந்த நாற்காலியில உக்கார உடாதீங்க" என்று ஓட்டுக் கேட்ட இடத்திலெல்லாம் சொல்லிவிட்டு வந்தவள் அவள். எங்கே குழாய் போடுவது என்று முதலில் பேசுகிற இடம் குடிநீர்க் கமிட்டிதான்.

புதன்கிழமை காலையில் அழகிரிசாமியின் கார் மாவு மில் வாசலில் வந்து நின்றது. வெங்கடம்மாளுக்கு அவர் மாமா முறை. இறங்கி வந்தவர் முகம் கருத்திருந்தது.

"கல்விக் கமிட்டிக்குப் போயிட்டு வாரேன்" என்றார். "வடக்கால தெருவுக்கு ஒரு ராத்திரிப் பள்ளிக்கூடம் வேணும்னு முன்மொழிஞ்சேன். வழிமொழியறது யாருன்னு கேட்டாங்க. நாலு பேரும் கூரையில தொங்கற காத்தாடியவே பாத்துட்டு இருக்கறானுங்க. காத்தாடி ஓடக்கூட இல்ல! வழிமொழிய ஆளில்லாததால தீர்மானம் எடுத்துக்கொள்ளப்படலை, அடுத்ததுன்னு போயிட்டாங்க. பன்னண்டு வருஷம் சேர்மனா இருந்தவன் நானு."

"உங்க காலத்துல அவுங்க ஆளு முன்மொழிஞ்சப்ப நீங்க எதைப் பாத்தீங்க மாமா?"

அழகிரிசாமி அவளை முறைத்தார். "அப்ப காத்தாடி ஓடுச்சு" என்றார்.

அவர் போன பிறகுதான் வெங்கடம்மாளுக்கு முழுசாக உறைத்தது. கமிட்டியில் ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். இருவர் இருந்தால் விஷயத்தைப் பேசியே ஆக வேண்டும், ஓட்டுக்கு விட்டே ஆக வேண்டும், தோற்றாலும் யார் எதிர்த்தார் என்று பதிவாகும், கவுன்சிலுக்கும் போகும். ஒருவர் மட்டும் இருந்தால் காத்தாடியைப் பார்த்தே முடித்துவிடலாம். ஆகவே ஓர் இடம் கிடைப்பதும் கிடைக்காததும் ஒன்றுதான். வெள்ளிக்கிழமை இரண்டு இடம் வேண்டும்.

இதை அங்கப்பனும் அறிந்திருந்தார். அன்று மத்தியானமே கம்பு அரைக்கிற சாக்கில் வந்து, பெஞ்சில் உட்கார்ந்து மோர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"ஏனுங் அம்மணி, இந்தத் தண்ணி, குழாய், பள்ளம் தோண்டறது, இதெல்லாம் ஆம்பளைங்க அடிச்சுக்கற வேலைங்க. உங்களுக்கு மாதர் நலக் கமிட்டித் தலைவி பதவிய ஒதுக்கி வெச்சிருக்கறேன். தனி ரூமு, மேசை, நாற்காலி, எல்லாம்."

"குடத்தைத் தூக்கிட்டு ரயில் தண்டவாளத்தைத் தாண்டறது யாருங்க? மாதருங்கதானே?"

"அது வந்துங்க..."

"அப்ப தண்ணிதாங்க மாதர் நலம். அந்த மேசையையும் நாற்காலியையும் வேற யாருக்காச்சும் குடுத்துப்போடுங்க. கம்பு அரைச்சாச்சு, எடுத்துக்குங்க."

அங்கப்பன் சிரித்துக்கொண்டே எழுந்தார். "நீங்க ஆறு பேர் என்னதான் குட்டிக்கரணம் போட்டாலும் ஒண்ணுதானுங் அம்மணி. போன தடவ பாத்தீங்கல்ல."

அந்தச் சிரிப்பு அவளைச் சும்மா இருக்க விடவில்லை. மில்லைப் பூட்டிவிட்டு நேராக ஜபருல்லாவின் சைக்கிள் கடைக்குப் போனாள். ஜபருல்லாவும் அவர்கள் பக்கத்துக் கவுன்சிலர். ஒரு வீலைக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"பாய், சக்கரத்துக்குப் போடற பால்ரஸ் குண்டு பதினாறு எடுங்க. பத்துப் பெருசு, ஆறு சிறுசு. ஏழெட்டு டீ டம்ளரும் வேணும்."

"என்னக்கா, பல்லாங்குழியா?"

"முனிசிபாலிட்டி. நீங்கதான் அங்கப்பன். பத்துக் குண்டு உங்களோடது."

"நானா? அப்ப மொதல்ல உங்களுக்கு மாதர் நலக் கமிட்டி" என்று ஜபருல்லா சிரித்தார். அதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது.

ஒரு டம்ளர் ஒரு ஆள். வெங்கடம்மாள் ஆறு குண்டையும் ஒரே டம்ளரில் போட்டாள், போன தடவை போல. ஜபருல்லா நான்கு டம்ளரில் மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு என்று பிரித்துப் போட்டார். ஐந்து டம்ளர், ஐந்து இடம். நான்கு அவருக்கு.

"இப்ப பாருங்க" என்று தன் டம்ளரிலிருந்து ஒரு குண்டை எடுத்தாள். ஐந்து. அப்போதும் அதே இடம்தான். இன்னொன்றை எடுத்தாள். நான்கு. அப்போதும் அதுவே. இன்னொன்று. மூன்று. அப்போதும் உள்ளேதான் இருந்தாள்.

கையில் மூன்று குண்டு மிஞ்சியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நழுவிய பெல்ட் அதுதான். போன தடவை அந்த மூன்று ஓட்டும் அழகிரிசாமியின் தலைக்கு மேல் குவிந்து, மரியாதையாக மட்டும் நின்றுவிட்டது. மூன்றையும் இன்னொரு டம்ளரில் போட்டாள்.

"மூணு, மூணு. அங்கப்பக் கவுண்டரே, முடிஞ்சா தடுங்க."

ஜபருல்லா குண்டுகளை மாற்றி மாற்றிப் போட்டார். நான்கு, மூன்று, மூன்று போட்டால் அவருக்கு மூன்று டம்ளர், இவளுக்கு இரண்டு. ஐந்து டம்ளரில் இரண்டிரண்டாகப் போட்டால் எதுவும் மூன்றைத் தொடவில்லை. இவளுடைய ஒரு டம்ளரை வெளியே தள்ள வேண்டுமானால் அவருடைய நான்கு டம்ளரிலும் குறைந்தது மும்மூன்று இருக்க வேண்டும்.

"பன்னண்டு குண்டு வேணும்க்கா" என்றார் ஜபருல்லா, வீலை மறந்துவிட்டு. "எங்கிட்ட பத்துத்தான். யா அல்லா, அந்தாளு எப்படிப் போட்டாலும் முடியாது!"

"ரெண்டாவது டம்ளரு யாருன்னு நெனைக்கறீங்க?"

"நீங்கதான்."

"நான் இல்ல பாய். சின்னான்."

ஜபருல்லா கையிலிருந்த குண்டை டம்ளரில் போட்டுவிட்டு நிமிர்ந்தார். சின்னான் கேட்டுக்கு வடக்கே ரிசர்வ் வார்டிலிருந்து வந்தவன். அழகிரிசாமி மில்லிலேயே வேலை பார்த்து, அந்த மில்லிலேயே சங்கம் வைத்து, முதலாளி வாசலிலேயே கொடி பிடித்தவன். குழாய் இல்லாத தெருவில் குடியிருக்கிற ஒரே கவுன்சிலரும் அவன்தான்.

வியாழக்கிழமை ஆறு பேரும் மாவு மில்லில் கூடினார்கள். தறிக்காரர் சென்னிமலையும் பலசரக்குக் கடை அரங்கசாமியும் மீதி இருவர். வெங்கடம்மாள் குண்டையும் டம்ளரையும் வைத்து எல்லாம் விளக்கினாள். எல்லாரும் தலையாட்டினார்கள். ஒத்திகை பார்க்கலாம் என்று ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்தாள். மூவர் மாமா பெயர், மூவர் சின்னான் பெயர் என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

பிரித்தால், அழகிரிசாமிக்கு ஐந்து. சின்னானுக்கு ஒன்று. அந்த ஒன்று அவள் எழுதியது.

"இதென்னங்க கூத்து?"

அரங்கசாமி தலையைச் சொறிந்தார். "மத்தவங்க சின்னானுக்கு எழுதுவாங்க, நான் ஒருத்தன் பெரியவருக்கு எழுதினா என்னன்னு நெனச்சுட்டேனுங்க. மரியாதைன்னு ஒண்ணு இருக்குதுங்கள்ல." சென்னிமலையும் அதையேதான் நினைத்திருந்தார். ஜபருல்லா கூரையைப் பார்த்தார்.

"சின்னான், நீ யாரு பேரை எழுதினே?"

"முதலாளி பேரைத்தானுங்க" என்றான் சின்னான். "வாசல்ல கொடி புடிக்கறது வேற, நேர்ல கேக்கறப்ப இல்லீங்கறது வேறங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அழகிரிசாமி சிரிக்கவில்லை. "அப்படீன்னா முனிசிபல் கமிஷனர் சீட்டைச் சத்தமாப் படிப்பான். அழகிரிசாமி மூணு, சின்னான் மூணு. ஊரெல்லாம் கேக்கும்."

"ஆமாங்க மாமா, கேக்கட்டும். போன வாரம் ஆறுன்னு படிச்சாங்க, கைதட்டுனாங்க. அந்த ஆறை வெச்சுட்டு உங்களால ஒரு ராத்திரிப் பள்ளிக்கூடத்தைப் பத்திப் பேச முடிஞ்சுதா? பன்னண்டு வருஷம் நீங்களும் கேட்டுக்கு வடக்கால குழாய் போடலை. இனி அவரும் போடமாட்டாரு. உங்க பேருக்குப் பக்கத்துல சின்னான் பேரு வந்தாத்தான் அந்தக் கமிட்டியில நீங்க வாயைத் திறக்க முடியும். வேண்டாம்னா சொல்லிப்போடுங்க, நானும் நாளைக்கே ராஜினாமாக் குடுத்துப்போடறேன்."

அழகிரிசாமியிடம் அப்படிப் பேசிய ஆள் அதுவரை அந்த ஊரில் இல்லை. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, காரில் ஏறிப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு மணி அடிக்கும் முன்னால் வராந்தாவில் ஐந்து பேர் நின்றிருந்தார்கள். அழகிரிசாமியும் வந்தார். யாரையும் பார்க்கவில்லை, ஆனால் வந்தார்.

வெங்கடம்மாள் அவசரமாகப் பேசினாள். "யாருக்கு எழுதறதுன்னு யாரும் மனசுல வெச்சு யோசிக்க வேண்டாம். யோசிச்சா எல்லாருக்கும் மரியாதை வந்துருது. பெஞ்சு முடிவு பண்ணட்டும். நம்ம பக்கம் ரெண்டு பெஞ்சு. முன்னால மாமா, நானு, அரங்கசாமியண்ணன். பின்னால பாய், சின்னான், சென்னிமலையண்ணன். முன் பெஞ்சு சின்னான் பேரை எழுதோணும். பின் பெஞ்சு மாமா பேரை எழுதோணும். அவ்வளவுதான்."

"அப்ப நான் என் பேரை எழுதக்கூடாது" என்றார் அழகிரிசாமி.

"நீங்க எழுதினா உங்களுக்கு நாலு, சின்னானுக்கு ரெண்டு. அவுங்க ரெண்டு வாங்கின ஆளுங்களோட சின்னானும் குலுக்கலுக்குப் போயிருவான்."

மணி அடித்தது.

சீட்டுகளைக் கமிஷனர் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார். அங்கப்பன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அழகிரிசாமி ஒன்று. அழகிரிசாமி இரண்டு. நடுவில் அங்கப்பன் ஆட்களின் பெயர்கள். அழகிரிசாமி மூன்று. சின்னான் ஒன்று என்றபோது அங்கப்பன் நிமிர்ந்தார். சின்னான் இரண்டு. வெங்கடம்மாள் பக்கத்தில் இருந்த மாமாவைப் பார்க்கவில்லை. அவருடைய மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. இன்னும் இரண்டு சீட்டு. ஒன்று அங்கப்பன் ஆளுக்குப் போயிற்று.

கடைசிச் சீட்டைக் கமிஷனர் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் படித்தார். கையெழுத்து பெரிதாக, சேர்மனாகப் பன்னிரண்டு வருஷம் கோப்பில் கையெழுத்துப் போட்ட மாதிரியே இருந்தது.

"சின்னான். மூன்று."

பின் பெஞ்சில் சின்னான் எழுந்து நின்றுவிட்டான். யாரும் கூப்பிடவில்லை, அவனாகவே நின்றான். அழகிரிசாமி திரும்பி அவனைப் பார்த்து, "உக்காரு. அடுத்த வாரம் நான் முன்மொழியறப்ப எந்திரிச்சாப் போதும்" என்றார்.

அங்கப்பன் ஆட்களில் மும்மூன்று வாங்கிய இருவர் உள்ளே வந்தார்கள். இரண்டிரண்டு வாங்கிய இருவரும் மிஞ்சிய ஓர் இடத்துக்குத் தங்களுக்குள் சீட்டுக் குலுக்க வேண்டியதாயிற்று. தோற்றவர் அங்கப்பனின் மைத்துனர்.

வெளியே படிக்கட்டில் அங்கப்பன் வெங்கடம்மாளை நிறுத்தினார். சிரிப்பு இல்லை. "ஏனுங் அம்மணி, என்ர ஆளு எவனாச்சும் மாத்திப் போட்டானா? நெசத்தைச் சொல்லுங்க."

"யாரும் மாத்திப் போடலீங்க. தெரிஞ்சே சொல்றேன், கேட்டுக்குங்க. தெரிஞ்சாலும் உங்களால தடுக்க முடியாது." அவள் ஒரு படி கீழே இறங்கி அவருக்கு நேராக நின்றாள். "ஒரு இடம் புடிக்க மூணு ஓட்டுப் போதுமுங்க, அதுக்கு மேல போடறது வீணு. நாங்க ஆறு பேரு. முன் பெஞ்சு மூணு பேரு சின்னானுக்கு எழுதினோம், பின் பெஞ்சு மூணு பேரு மாமாவுக்கு எழுதினாங்க, யாரும் தம்பேரைத் தானே எழுதலை. எங்களுக்கு ரெண்டு இடம். ஒருத்தர் முன்மொழிவாரு, ஒருத்தர் வழிமொழிவாரு."