நாற்பத்திரண்டாவது வளைவு

குடைக் கடைக்காரர் பயணத் திட்டம் போட்டுத் தள்ளிவைக்கும் ஒவ்வொரு முறையும், மலைக் கிராமத்துக்குப் போகும் சாலையில் ஒரு கொண்டை ஊசி வளைவு கூடியது. முதலில் இருந்தவை பதினேழு. பதினெட்டாவதைக் கண்டுபிடித்தவர் ஜீப் ஓட்டுநர். காலையில் இங்கே பாறையல்லவா இருந்தது என்று ஒரு கணம் யோசித்தார், பிறகு டீசலை நினைத்துப் பெருமூச்சு விட்டார். நெடுஞ்சாலைத் துறையிலிருந்து இரண்டு பேர் சங்கிலியோடு வந்து அளந்து, வளைவு தரமாகவே இருக்கிறது, தடுப்புச் சுவர் மட்டும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.

கடைக்காரரின் ஒரே மகள் அந்தக் கிராமத்தில் இருந்தாள். பள்ளி ஆசிரியரைக் கட்டிக்கொண்டு, அவருக்கு மாற்றல் கிடைத்த இடத்துக்குக் கூடவே போனவள். போகும்போது அப்பா கொடுத்த சிவப்புக் குடையை மட்டும் கையிலேயே வைத்திருந்தாள். மூன்றாம் வருடம் அவளிடமிருந்து கடிதம் வந்தது: “அப்பா, மூச்சு ரொம்ப இழுக்குது. இறங்கி வர முடியல. ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போங்க.” கடைக்காரர் மூன்று தலைமுறை வியாபாரி. எதிராளியின் முதல் பேச்சுக்கே தலையாட்டுவது அந்தக் குடும்பத்தில் வலிப்பு நோய் மாதிரி. வந்தால் வெளியே சொல்லமாட்டார்கள். ஆகவே பதில் எழுதினார்: நீ பாதி இறங்கு, நான் பாதி ஏறுகிறேன், ஒன்பதாவது வளைவில் தேநீர்க் கடை இருக்கிறது, அங்கே பார்த்துக்கொள்ளலாம். படியிறங்கிப் போன வாடிக்கையாளர் திரும்பி வரட்டும் என்பதுபோலக் காத்திருந்தார். மகள் மறுபேரம் பேசவில்லை. அதுதான் அவருக்குப் புரியவில்லை.

பின்னறையில் குடைத்துணி தைக்கும் அவருடைய அக்காவுக்கு முழங்கால் மடங்காது. மடங்கியிருந்தால் நடந்தே போயிருப்பார். வாய்க்கு அந்தக் குறை இல்லை. “ஏண்டா, பெத்த பொண்ணுகிட்டயா ‘உனக்கும் வேணாம் எனக்கும் வேணாம்’னு பேசுவ? அவ என்ன குடோன்ல கெடக்குற சரக்கா? ஏறி உக்காருடா ஜீப்புல!”

அவரும் ஏறத்தான் நினைத்தார். ஓட்டுநர் வியாழன் விடியற்காலை என்றார். இவர் சனிக்கிழமை மதியம் என்றார். ஓட்டுநர் உடனே சரி என்றதும் இவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு சுலபமாகப் படிகிறான் என்றால் ஏதோ இருக்கிறது. திங்களுக்கு மாற்றினார். ஒரு வளைவு. மழைக்காலத்தில் கடையை விட முடியாது, வெயில் காலத்திலும் விட முடியாது, குடை இரண்டுக்கும் விற்கும். இன்னும் ஆறு வளைவு. தெரியாமல் செய்தார் என்றும் சொல்வதற்கில்லை. ஓட்டுநர் தினமும் சாயங்காலம் கடை முன்னால் வண்டியை நிறுத்தி எண்ணிக்கையைச் சொல்லிவிட்டுத்தான் போவார். எட்டாத விலைக்குப் போகிற சரக்கு கடைசியில் இறங்கித்தான் வரும் என்பது கடைக்காரரின் அனுபவம். இரண்டு வருடத்தில் நாற்பத்தொன்று ஆனது. முன்பு இரண்டு நாளில் வந்த கடிதம் இப்போது ஆறு நாளில் வந்தது. கடைசிக் கடிதத்தில் மகள் வரச்சொல்லிக் கேட்கவே இல்லை. வீடு அடையாளம் தெரியட்டும் என்று வாசலில் சிவப்புக் குடையை விரித்தே வைத்திருப்பதாக மட்டும் எழுதியிருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஓட்டுநர் வண்டியை அணைத்துவிட்டு இறங்கினார். “நாப்பத்தொண்ணுதான் முதலாளி.”

“நேத்தே நாப்பத்தொண்ணு. இன்னிக்குக் காலைலதான் வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப்போட்டேனே. ஒண்ணு கூடியிருக்கணுமே?”

“ரெண்டு தடவை எண்ணிட்டேன்.”

பின்னறையில் தையல் இயந்திரம் நின்றது. ஆறு நாள் கழித்து மருமகனின் கடிதம் வந்தபோது, அதில் அவள் மூச்சு நின்ற நாள் செவ்வாய்க்கிழமை என்றுதான் இருந்தது.

அதன்பிறகுதான் கடைக்காரர் ஒழுங்காகத் திட்டம் போட ஆரம்பித்தார். எத்தனை மணிக்குக் கிளம்புவது, எங்கே ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவது, எந்த மருந்துக் கடையில் எதை வாங்குவது, எல்லாம் காலையில் எழுதி முடிப்பார். மதியம் தள்ளிவைப்பார். சாயங்காலம் ஜீப்புக்காக நடைபாதையில் நிற்பார். வளைவு ஒன்று கூடினால் அவள் இன்னும் இருக்கிறாள் என்பது அவர் கணக்கு. பதினோரு மாதம் ஓட்டுநர் நாற்பத்தொன்று என்றே சொன்னார். ஒரு நாள் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, டயரைப் பார்த்துக்கொண்டு, “நாப்பத்திரெண்டு, முதலாளி” என்றார்.

கடைக்காரர் ‘அப்படியா’ என்றுகூடக் கேட்கவில்லை. வாழ்நாளில் முதல்முறையாக எதிராளியின் முதல் பேச்சுக்கே ஒத்துக்கொண்டு, போட்ட செருப்போடு ஜீப்பில் ஏறினார். வழியெல்லாம் உரக்க எண்ணினார். நாற்பத்தொன்றாவதில் கிராமமே வந்துவிட்டது. பூட்டிய வீட்டின் வாசலில் வெளுத்துப்போன குடை விரிந்தே கிடந்தது. அவர் இறங்கவில்லை.

“இன்னும் ஒண்ணு இருக்குன்னியே தம்பி.”

ஓட்டுநரால் அவர் பக்கம் திரும்ப முடியவில்லை. கியரைப் போட்டு, சாலையே இல்லாத பக்கமாக வண்டியை ஒடித்தார். அங்கே ஒரு வளைவு இருந்தது. தரமாகவே இருந்தது, தடுப்புச் சுவர் மட்டும் இல்லை.