சரி, தவறு, தெரியாது

எங்கள் அலுவலகத்தில் வாய்க்குத்தான் சம்பளம், மூளைக்குக் கிடையாது. திரையில் வரும் கேள்வியை ஒரு சொல் பிசகாமல் போனில் படிக்க வேண்டும். விளக்கம் சொல்லக் கூடாது, ‘அப்படியா’ என்றுகூடக் கேட்கக் கூடாது. எதிர்முனையில் இருப்பவர் திரும்பப் படிக்கச் சொன்னால், எத்தனை தரம் சொன்னாலும், சலிக்காமல் முழுதாகப் படிக்க வேண்டும். தெரிந்தவர் யாராவது அகப்பட்டால் உடனே துண்டித்துவிட வேண்டும். யாருக்கு அழைப்பு போகிறது என்பது எங்களுக்குத் தெரியாது. இயந்திரம் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஓர் எண்ணைப் போட்டு ஆளைப் பிடித்துக் கொடுக்கும். எங்களை மேய்க்க ஓர் அம்மாள் உண்டு. யார் பேசுவதை வேண்டுமானாலும் ஒட்டுக் கேட்பார் என்பதால் அவருக்குக் ‘காது’ என்று பெயர் வைத்திருந்தோம்.

அந்த மாதம் பரிணாமத்தைப் பற்றிய கருத்துக் கணிப்பு. மனிதன் எங்கிருந்து வந்தான், கடவுள் படைத்தாரா இல்லையா என்று கண்ணில் படாதவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தோம். சிலர் சண்டைக்கே வந்தார்கள். ஒருவர், தன் மைத்துனரைப் பார்த்த பிறகு குரங்கு விஷயத்தில் தனக்குச் சந்தேகமே இல்லை என்றார். பக்கத்து இருக்கைக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் கேள்வியால் வீட்டை விட்டு வந்தவள் நான்.

அப்பா பல் செட் செய்பவர். ஊரில் பாதிப் பேர் வாய்விட்டுச் சிரிப்பது அவர் தயவால்தான். முன்னறைதான் பட்டறை, அலமாரி முழுக்க பிளாஸ்டர் தாடைகள். வாரம் ஒரு நாள் வழிபாட்டுக் கூடத்தில் வேதம் வாசிப்பதும் அவர்தான். நான் கல்லூரியில் விலங்கியல் படித்தபோது, ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், மனிதனுக்கும் குரங்குக்கும் ஒரே மூதாதை என்று பேச்செடுத்தேன். பேச்சு முற்றிவிட்டது. “குரங்குதான் உன் வம்சம்னா, நான் உனக்கு அப்பன் இல்ல” என்றார். நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். இரு என்று அவர் சொல்லவில்லை, போகிறேன் என்று நானும் சொல்லவில்லை. எங்கள் இருவர் வீம்புக்கும் மூதாதை ஒன்றுதான் என்பதில் மட்டும் வீட்டில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

அது ஆகி ஆறு வருடம். என் எண்ணைப் பார்த்தாலே அப்பா போனை அம்மாவிடம் நீட்டிவிடுவார். அம்மா துணி எடுக்கும் சாக்கில் மாடிக்குப் போய்ப் பேசுவாள். “உங்கப்பா நேத்துகூட உன்னைப் பத்திக் கேட்டார்டி” என்பாள். அம்மாவுக்குச் சரியாகப் பொய் சொல்ல வராது. அவள் வைத்த பிறகும் நான் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நிற்பேன். அப்பாவின் குரலைக் கேட்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. திட்டினால்கூடப் போதும்.

அன்று மதியம் இயந்திரம் பிடித்துக் கொடுத்த அழைப்பில் முதலில் கேட்டது அரம் தேய்க்கும் சத்தம். பிறகு இரண்டு செருமல்.

“ம், சொல்லுங்க.”

அப்பாவேதான். துண்டிக்கும் பொத்தான் விரலுக்கு அடியிலேயே இருந்தது. நான் அழுத்தவில்லை. “வணக்கம். பொதுமக்கள் கருத்துக் கணிப்புக்காகப் பேசுகிறேன். சில நிமிடங்கள் ஒதுக்க முடியுமா?” என்று படித்தேன்.

அரம் நின்றது. வேலை நடுவில் யார் வந்தாலும் அப்பா அரத்தை நிறுத்த மாட்டார். வழிபாட்டுக் கூடத்துப் பெரிய மனிதர்களே அந்தச் சத்தத்துக்கு மேல் கத்தித்தான் பேச வேண்டும்.

“இன்னொரு தரம் படிங்க” என்றார். படித்தேன்.

“சரி, கேளுங்க.”

“மனிதர்களும் மற்ற விலங்குகளும் ஒரே மூதாதையரிடமிருந்து காலப்போக்கில் தோன்றியவர்கள். இது சரியா, தவறா, தெரியாதா?”

“இன்னொரு தரம்.”

படித்தேன். மறுபடியும் கேட்டார், மறுபடியும் படித்தேன். அப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது என்று நினைத்தேன். அம்மா இதை ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று கோபம் வந்தது.

“தவறு” என்றார் கடைசியில். குரலில் கொஞ்சமும் தயக்கமில்லை. எனக்கு ஆத்திரம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. அப்பா அப்பாவாகவேதான் இருக்கிறார் என்று நிம்மதியாக இருந்தது.

அப்போது சமையலறைப் பக்கமிருந்து அம்மாவின் குரல் வந்தது. “யாருங்க போன்ல?”

“கருத்துக் கணிப்பாம்.”

“எப்பவும் வேணாம்னு வச்சிடுவீங்களே. வச்சிட்டு வாங்க, சாப்பாடு ஆறுது.”

“நீ சாப்பிடு. நான் பேசிட்டிருக்கேன்ல.”

அம்மா அவ்வளவு தூரத்திலிருந்து சொன்னது எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. அவருக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டிருக்கிறது. அவர் காதுக்கு ஒன்றும் ஆகவில்லை. படிப்பது யார் என்று தெரிந்தேதான் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்கிறார். திரையில் இருந்த எழுத்தெல்லாம் கலங்கிப் போயிற்று.

“பரிணாமத்தை ஏற்றுக்கொள்ளும் ஒருவர் கடவுள் நம்பிக்கை உள்ளவராகவும் இருக்க முடியுமா? முடியும், முடியாது, தெரியாது.”

இதையும் திரும்பப் படிக்க வைத்தார்.

“தெரியாது” என்றார்.

அப்பா வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. வேதமானாலும் சரி, கடைவாய்ப் பல்லானாலும் சரி, அவருக்கு எல்லாம் தெரியும். நான் பதிவு செய்தேன்.

“உங்கள் குடும்பத்தில் ஒருவர் பரிணாமத்தை ஏற்றுக்கொண்டால் உங்களுக்கு வருத்தமா? அதிக வருத்தம், ஓரளவு வருத்தம், வருத்தமில்லை.”

“வருத்தம்தான். ஆனா நீங்க கேக்குற வருத்தம் இல்ல. அவ என்ன நம்புறாங்கிறதுக்காக இல்ல. அதுக்கு உங்ககிட்ட ஒரு பதில் இருக்கா?”

திரையின் ஓரத்தில் ‘காது’ ஒரு வரி அனுப்பியிருந்தார்: கேள்வியை மட்டும் படிக்கவும். நிமிர்ந்தேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கொடுக்கப்பட்ட பதில்களில் ஒன்றைச் சொல்லவும்.” என்று படித்தேன்.

“அப்ப அதிகம்னே போட்டுக்குங்க.”

மிச்சமிருந்தவை சொந்த விவரங்கள். வயதைச் சொன்னார். தொழில் ‘பல் செட் வேலை’ என்று, எனக்குத் தெரியாத மாதிரியே சொன்னார். அடுத்த கேள்வி திரைக்கு வந்தது. நான் உனக்கு அப்பன் இல்லை என்றவரிடம் இதை எப்படிக் கேட்பது? ஆனாலும் எனக்கு அது தெரிந்தாக வேண்டும்.

“உங்களுக்குப் பிள்ளைகள் எத்தனை பேர்?”

இந்த முறை அவர் திரும்பப் படிக்கச் சொல்லவில்லை.

“ஒரு பொண்ணு.”

“உங்களுடன் வசிக்கிறாரா?”

“வேலைக்குப் போயிருக்கா.” செருமினார். “வந்துடுவா.”

‘காது’ தன் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். எனக்குப் படிக்கக் கடைசி வரி மட்டும் பாக்கி இருந்தது.

“உங்கள் பொன்னான நேரத்தை ஒதுக்கியதற்கு நன்றி. இத்துடன் நம் உரையாடல் முடிவடைகிறது.”

அப்பா வைக்கவில்லை. அவர் மூச்சு விடுவது கேட்டது.

“இன்னொரு தரம் படிம்மா” என்றார்.

நான் படிக்கவில்லை.

“சாப்பாடு ஆறுதுப்பா” என்றேன். “நீங்க சாப்பிடுங்க. நான் வந்துடறேன்.”