லிஃப்ட் அண்ணனின் பன்னிரண்டு சொற்கள்

"போன்ல இருக்கிற காசு அழுக்காகுமாம்மா?" என்று மகள் ஒருமுறை கேட்டாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க அழுக்கையே பார்க்கிற அம்மா, "தொட்டாத்தானே அழுக்காகும்" என்று சொல்லி வைத்தாள். மகள் அதை நம்பிக்கொண்டு தூங்கிப் போனாள்.

அந்த மகள் இப்போது ஐந்தாம் வகுப்பு. அம்மா அதே கூடத்தில், அதே ரோலர் மிஷின் முன்னால் நிற்கிறாள். ஈரப் படுக்கைவிரிப்பின் ஒரு முனையை அவளும் மறுமுனையை மடிப்புக்காரியும் பிடித்து, சுருக்கம் விழாமல் சூடான உருளைக்குள் விட வேண்டும். விட்டுவிட்டு விரலை உடனே எடுக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் நகக்கண்ணில் சூடு போட்டுவிடும். அவளுடைய இரண்டு கையிலும் ஆள்காட்டி விரல் நுனி மரத்துப்போய், போன் திரையைத் தொட்டால் பல நேரம் திரைக்கே தெரிவதில்லை.

காண்டிராக்டர் இரண்டு மாதமாகச் சம்பளம் கொடுக்கவில்லை. "மேலேருந்து பில்லு பாஸாகலம்மா, என்னை என்ன பண்ணச் சொல்ற?" என்பார் சூப்பர்வைசர். அவருக்கும் சம்பளம் வரவில்லை என்று கேள்வி.

மணி அடித்துச் சாப்பாட்டு இடைவேளை வந்தால் லாக்கரிலிருந்து போனை எடுத்துக்கொண்டு, காலி ட்ராலிகளுக்குப் பின்னால் போய் உட்கார்வாள். போனில் 'விடிவெள்ளி' குழு இருந்தது. கிரிப்டோவில் காசு போட்டவர்கள் கூடிப் பேசுகிற இடம். கணவர் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், முழங்கால் போய் வீட்டோடு உட்காருவதற்கு முன்பு, இரண்டு பேருமாகச் சேர்த்ததில் ஒரு பங்கை அவள் அதில் போட்டிருந்தாள். போட்டதில் இப்போது கால்வாசிகூட இல்லை. ஆனாலும் குழுவை விட்டுப் போக மனம் வரவில்லை. அங்கே எல்லாருக்கும் அவள் துணி அக்கா. காசு போனாலும் பேச்சுத்துணை மிச்சம்.

குழுவை நடத்துகிறவரைத் தலைவர் என்றே கூப்பிட்டார்கள். தினமும் ஒரு வாசகம் போடுவார்.

"காலை வணக்கம் குடும்பமே. பொறுத்தார் பூமி ஆள்வார்."

"பூமி வேண்டாம் தலைவரே, போட்ட காசு போதும்" என்று எழுதுவான் ஓட்டைச்சட்டி. எது வந்தாலும் ஒழுகிப்போகிறது என்று தனக்குத்தானே வைத்துக்கொண்ட பெயர்.

"நிலாவுக்குக் கூட்டிட்டுப் போறேன்னாரு. கிணத்துல இறக்கி விட்டுட்டாரு" என்பான் இன்னொருவன்.

"கிணத்துலயும் நிலா தெரியும்டா, குனிஞ்சு பாரு."

சமீபத்தில் சேர்ந்தவர் லிஃப்ட் அண்ணன். ஏதோ ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் இயக்குகிறவர், ஐம்பதைத் தாண்டியவர். அவரைச் சீண்டாத நாள் கிடையாது.

"லிஃப்ட் அண்ணே, இன்னிக்கு காயின் மேல போகுமா, கீழ போகுமா?"

"அந்தப் பட்டன் என் கையில இருந்தா நான் ஏன்டா தம்பி ஸ்டூல்ல உக்காந்திருக்கேன்?"

அவருடைய வாலட்டில், போனிலேயே காயினைப் பூட்டி வைக்கிற பெட்டியில், இருந்தது வெளிநாட்டில் வீட்டு வேலை பார்க்கும் மகள் அனுப்புகிற பணம். வங்கி வழியாக அனுப்பினால் கமிஷன் அதிகம் என்று யாரோ சொல்லிக்கொடுத்து, விலை ஏறாத, இறங்காத ஒரு காயினாக அனுப்பினாள். அப்பாவும் எடுக்காமல் சேர்த்து வைத்துக்கொண்டு வந்தார். மகள் திரும்பி வந்தால் ஒரு தையல்கடை வைத்துக் கொடுக்க வேண்டும் என்று ஒருமுறை எழுதியிருந்தார்.

அன்று இடைவேளையில் அவள் குழுவைத் திறந்தபோது, லிஃப்ட் அண்ணன் ஒரு படம் போட்டிருந்தார். கோடு போட்ட தாளில் கோணல்மாணலான இங்கிலீஷ் எழுத்தில் பன்னிரண்டு சொற்கள். கீழே ஒரு செய்தி.

"தலைவரே, நீங்க கேட்ட பன்னிரண்டு சொல். போன் மாத்தினதுலேருந்து வாலட் திறக்கல. சீக்கிரம் திறந்து குடுங்க. லிஃப்டுல ஆளு ஏறுது."

தலைவர் யாரிடமும் அந்தச் சொற்களைக் கேட்கமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். தலைவருடைய படத்தையும் பெயரையும் ஒட்டிக்கொண்டு எவனோ தனியாக லிஃப்ட் அண்ணனிடம் பேசியிருக்கிறான். அவனுக்கு அனுப்ப வேண்டியதை இந்த மனிதர் அவசரத்தில் குழுவிலேயே போட்டுவிட்டார். அந்தப் பன்னிரண்டு சொல்தான் வாலட்டுக்குச் சாவி; அது யார் கையில் இருக்கிறதோ, வாலட் அவருடையது. தடுத்துக் கேள்வி கேட்க அங்கே மேனேஜர் கிடையாது, வாசலில் காவல் கிடையாது. குழுவில் ஆயிரக்கணக்கானவர்கள். அதில் பேசாமல் பார்த்துக்கொண்டே இருப்பவர்கள்தான் அதிகம்.

"அண்ணே, அழிங்க! உடனே அழிங்க!" என்று அடித்தாள். பதில் இல்லை. லிஃப்ட் ஏதோ ஒரு மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தது.

கடவுளே என்றாள். பிறகு அவளே அந்தப் பன்னிரண்டு சொல்லையும் தன் போனில் அடிக்க ஆரம்பித்தாள். மரத்த விரல் இரண்டு முறை தப்பு செய்தது. புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு மூன்றாம் முறை அடித்தாள். வாலட் திறந்தது. இவ்வளவு இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. மொத்தத்தையும் தன் வாலட்டுக்கு மாற்றினாள். அனுப்புகிற கட்டணத்துக்கென்று இருந்த சில்லறை மட்டும் அங்கே மிஞ்சியது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சில்லறை மறைந்தது. வேறு எவனோ உள்ளே வந்துவிட்டுப் போயிருந்தான்.

"லிஃப்ட் அண்ணே, உங்க பணத்தை நான் எடுத்துப் பத்திரமா வெச்சிருக்கேன். பயப்படாதீங்க. புது வாலட் ஒண்ணு திறந்து அதோட விலாசத்தைச் சொல்லுங்க, அனுப்பிடுறேன்" என்று எழுதி அனுப்பியதும் மணி அடித்தது. போன் லாக்கருக்குப் போனது.

சாயங்காலம் எடுத்துப் பார்த்தபோது குழு கொதித்துக்கொண்டிருந்தது.

"எல்லாம் போச்சு. என் பொண்ணு ரத்தம் சிந்தின காசு" என்று லிஃப்ட் அண்ணன் எழுதியிருந்தார். அதற்குக் கீழே அவள் எழுதியதை எடுத்துப் போட்டு ஆளாளுக்கு ஏசியிருந்தார்கள்.

"எடுத்தவளே எடுத்தேன்னு சொல்றா. என்ன தைரியம்!"

"துணி அக்கா நல்லா துவைச்சு காயப் போட்டாங்கப்பா."

ஓட்டைச்சட்டி மட்டும், "திருடினவ எதுக்குடா சொல்லிட்டுத் திருடுறா? யோசிங்கடா" என்று கேட்டிருந்தான். யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே நடந்ததை அவள் விளக்கி எழுதினாள். தலைவர் வந்தார்.

"சரிம்மா. பணத்தைக் குழு வாலட்டுக்கு அனுப்பு. நான் அவர்கிட்ட சேர்த்துடுறேன்."

"கோவிச்சுக்காதீங்க தலைவரே. அவர் கையிலதான் குடுப்பேன். நடுவுல யாரையும் நம்பாதேன்னு நீங்கதானே எங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்க."

பஸ் வந்தது, ஏறினாள். பிறகு குழுவே அவள் திரையில் இல்லை. நீக்கிவிட்டிருந்தார்.

லிஃப்ட் அண்ணனுக்குத் தனியாக எழுதினாள். ஒரே ஒரு பதில் வந்தது. "முதல்ல தலைவர்னு சொல்லி ஒருத்தன் கேட்டான், குடுத்தேன். இப்ப நீ இன்னொரு விலாசம் கேக்குற. அதையும் குடுத்தா அதையும் தொடைச்சிடுவீங்க. போதும்மா. நல்லா இரு." அதற்கப்புறம் அவள் எழுதியது எதுவும் அவரிடம் போய்ச் சேரவில்லை.

மறுநாள் மூன்று லிஃப்ட் அண்ணன்கள் அவள் போனுக்கு வந்தார்கள். மூன்று பேரிடமும் அவருடைய படம் இருந்தது. "தங்கச்சி, மன்னிச்சிடு, இந்த விலாசத்துக்கு அனுப்பு" என்று ஒருவன் அழுதான். "நீங்க சேர்த்து வெக்கிறது எதுக்குன்னு சொல்லுங்கண்ணே" என்று கேட்டாள். கல்யாணத்துக்கு என்றான் ஒருவன், ஆபரேஷனுக்கு என்றான் அடுத்தவன். மூன்றாமவன், "அது உனக்கு எதுக்கு?" என்று எரிந்து விழுந்தான்.

"கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலைம்பாங்க. உனக்கு வாய்க்கே வந்தும் துப்புறியே" என்றார் கணவர், முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே. "திருடின்னு பேரு வாங்கியாச்சு. காசையாவது வெச்சுக்கோயேன்."

"விழப்போற ஆளைக் கையைப் பிடிச்சு நிறுத்தினா, அவர் சட்டைப்பையில கையை விடலாமா?"

"அந்த ஆளு உன்னைத் திட்டிட்டுப் போறாரு."

"விழுந்த பயத்துல திட்டுறாரு. பாவம்."

வாடகைக்காக வீட்டுக்காரம்மா இரண்டு தடவை வந்து போனாள். சத்தம் போடவில்லை. வாசலில் நின்று குழந்தையிடம், "அம்மா வந்தா நான் வந்தேன்னு சொல்லு கண்ணு" என்று மட்டும் சொன்னாள். அது சத்தத்தை விட மோசமாக இருந்தது. அன்று இடைவேளையில் அவள் வாலட்டைத் திறந்து, வாடகைக்கு எவ்வளவோ அவ்வளவை எழுதி, விற்கிற பொத்தானுக்கு மேல் விரலை வைத்தாள். சம்பளம் வந்ததும் திருப்பி வைத்துவிடலாம். கடன்தானே. மரத்த விரல் தொட்டது திரைக்குத் தெரியவில்லை. இன்னொரு முறை அழுத்தவில்லை.

ட்ராலியின் மறுபக்கம் சாப்பிட்டுக்கொண்டிருந்த மடிப்புக்காரி அவள் முகத்தைப் பார்த்தாள். தன் டப்பாவை மூடினாள்.

"ஞாயித்துக்கிழமை ஓவர்டைம் என் முறை. நீ போ. அன்னிக்கே கையில காசு குடுத்துடுவாங்க."

"உனக்கும்தானேடி சம்பளம் வரல?"

"எனக்கு இடுப்பு வலி. ஞாயித்துக்கிழமை படுத்துக் கிடக்கணும். போயேன், ரொம்ப கேள்வி கேக்குறா."

அவளுக்கு இடுப்பு வலி இல்லை என்பது இருவருக்குமே தெரியும். ஞாயிற்றுக்கிழமைக் கூலியை அப்படியே கொண்டுபோய் வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்தாள். பாதி வாடகைகூட இல்லை. வீட்டுக்காரம்மா எண்ணிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள்.

லிஃப்ட் அண்ணனின் காலி வாலட்டை அவள் அவ்வப்போது திறந்து பார்ப்பாள். எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்ற வரலாறு யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி அதில் இருந்தது. ஆள் பெயர் மட்டும் கிடையாது. மாதா மாதம் முதல் வாரத்தில், எப்போதும் ஒரே விலாசத்திலிருந்து, ஒரே அளவில் ஒரு சின்னத் தொகை வந்திருந்தது. அது மகள்தான். இடையில் இரண்டு மாதம் ஒன்றுமில்லை. அடுத்த மாதம் மூன்று பங்கும் சேர்ந்து வந்திருந்தது. அந்த இடைவெளியை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கேயும் எவனோ மேலேருந்து பில்லு பாஸாகல என்று சொல்லியிருக்கிறான்.

அப்போதுதான் தோன்றியது. அப்பாவின் பழைய வாலட் போய்விட்டது. இனி மகள் அனுப்பினால் அப்பா திறந்த புது வாலட்டுக்குத்தான் அனுப்புவாள். மகளுடைய விலாசத்தின் வரலாறும் அப்படித்தான் திறந்து கிடக்கிறது, யாரையும் கேட்க வேண்டியதில்லை. எந்தப் பொய் அண்ணனும் அந்தப் பெண்ணின் சம்பளத்தை அனுப்ப முடியாது. அந்தக் காசு எந்த வாசலுக்குப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

முதல் வாரம் போனது. ஒன்றும் வரவில்லை. இரண்டாம் வாரமும் போனது. முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்குச் சம்பளம் கிடைக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போது வேண்டிக்கொண்டாள். தன் சம்பளத்தை அதற்குப் பிறகுதான் வேண்டிக்கொண்டாள்.

அது வந்தபோது வேலை முடிந்து, பெண்கள் எல்லாரும் கேட்டை நோக்கி வரிசையில் நகர்ந்துகொண்டிருந்தார்கள். வெயில் இன்னும் இருந்தது. அவள் போனைத் திறந்தாள். மகளின் விலாசத்திலிருந்து அதே சின்னத் தொகை, இதுவரை அவள் பார்க்காத ஒரு விலாசத்துக்குப் போயிருந்தது.

விலாசத்தைப் படியெடுத்தாள். முதல் எழுத்துகளையும் கடைசி எழுத்துகளையும் உதடு அசைய ஒத்துப் பார்த்தாள். முழுத் தொகையையும் எழுதினாள். அன்று எவனோ கொண்டுபோன சில்லறையை அவர்தான் இழந்தார் என்பதால், அதையும் தன் காயினிலிருந்து சேர்த்தாள். கட்டணம் போக அவளுடைய வாலட்டில் பேருக்குத்தான் ஏதோ இருந்தது. கட்டைவிரலால் அழுத்தினாள். முதல் முறையே திரைக்குத் தெரிந்துவிட்டது.

அனுப்பியவர் பெயர் எங்கும் வராது. லிஃப்ட் அண்ணன் யாரென்று நினைத்துக்கொள்வாரோ. தலைவருக்கு நன்றி சொன்னாலும் சொல்வார்.

"என்னடி, போனைப் பார்த்துச் சிரிக்கிற?" என்றாள் முன்னால் நின்ற மடிப்புக்காரி.

"ஒண்ணுமில்ல. நகரு."

கேட்டில் செக்யூரிட்டி மேஜைமேல் கம்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சலவைக்கூடத்துப் பெண்கள் துண்டு, சோப்பு எதையாவது எடுத்துப்போவார்கள் என்று தினமும் சோதனை. டாக்டர்கள் போகிற கேட் வேறு.

"பையைத் திற."

திறந்து காட்டினாள். குடை, ஒரு மாற்றுப் புடவை, சாப்பாட்டு டப்பா. அவன் புடவையைக் கம்பின் நுனியால் புரட்டினான்.

"டப்பா?"

டப்பாவின் மூடியைத் திருகித் திறந்து, உள்ளே ஒன்றுமில்லை என்று தெரியும்படி அவன் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தாள்.