சனிக்கிழமைக் கையெழுத்துகள்

பூந்தமல்லியில் மெட்ரோ வேலைக்காகத் தகரம் அடித்து மறைத்த தெரு ஒன்றின் கடைசியில் இருந்தது இஸ்மாயில் பாயின் பட்டறை. காலை ஒன்பது மணியிலிருந்து கலியமூர்த்தி அங்கே ஒரு காலி ஆயில் டின்னின் மேல் உட்கார்ந்திருந்தார். இடது காலில் கட்டு. கட்டுக்கு மேல் பிளாஸ்டிக் பை சுற்றி ரப்பர் பேண்டு போட்டிருந்தார். கூட வந்த கோகுல்நாத், பேன்ட்டில் கறை படும் என்று உட்காராமல் போனைப் பார்த்தபடி நின்றார். வெள்ளானூரில் நானூறு வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர் அவர். அதே குடியிருப்பில் குழாய், கரண்ட், மோட்டார், லிஃப்ட் என்று எல்லாவற்றுக்கும் ஒரே ஆள் கலியமூர்த்தி.

இஸ்மாயில் பாய் படகு இன்ஜினைக் குப்புறப் போட்டு, தண்ணீருக்குள் நிற்கும் கால் போன்ற பகுதியைக் கழற்றினார். சின்ன மூடி ஒன்றைத் திறந்து உள்ளங்கையில் தட்டினார். கருகிய ரப்பர் துணுக்குகள் விழுந்தன.

"இது இன்னா தெரியுதா? சக்கரம். ரப்பர்ல ஆறு றெக்கை இருக்கும். கீழேர்ந்து தண்ணிய இழுத்து இன்ஜின சுத்தி வுடும், அதான் இன்ஜினுக்குக் குளுமை. இப்ப றெக்கை ஒண்ணுகூட இல்ல, கரிதான் கீது."

மேல் பக்கம் திறந்திருந்த சிலிண்டருக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். பிஸ்டன் பாதி வழியில் இறுகி நின்றிருந்தது. சுவர் முழுக்க ஆணியால் கிழித்தது போல் கோடுகள்.

"தண்ணி இல்லாம ஓட்டிகீறீங்க. ஒரு தபா இல்ல, பல தபா."

"வெள்ளத்துலதான் பாய் ஓட்டினோம்? சுத்தி தண்ணிதானே" என்றார் கோகுல்நாத்.

"வெள்ளத்துக்கு முன்னாடியே இது செத்துப் போச்சு சார். யாரோ தரைல வெச்சு ஸ்டார்ட் பண்ணிகீறாங்க. அப்புறம் கடல்ல எறக்குனாலும் தண்ணிய இழுக்க சக்கரம் வோணுமே."

கோகுல்நாத் போனைப் பையில் போட்டுவிட்டு முதல்முறையாகக் கலியமூர்த்தியை நேராகப் பார்த்தார். கலியமூர்த்தி குனிந்து காலில் இருந்த ரப்பர் பேண்டைச் சரிசெய்தார். தரையில் வைத்து ஓட்டிய அந்த யாரோ அவர்தான்.

போன வருட வெள்ளத்தில் குடியிருப்பே மூன்று நாள் படகுக்காகக் காத்துக் கிடந்தது. இந்த வருடம் யார் கையையும் எதிர்பார்க்கக் கூடாது என்று மழைக்கு முன்பே சொந்தமாகப் படகும் இன்ஜினும் வாங்கிவிட்டார்கள். விற்ற கம்பெனியின் ஆள் வந்து விளக்கம் சொன்ன அன்று கிளப் ஹவுஸில் கேக் வெட்டினார்கள். கலியமூர்த்தி அப்போது டி பிளாக் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிப் பாசி தேய்த்துக்கொண்டிருந்தார். கேக் மட்டும் ஒரு துண்டு அவர் மனைவி பஞ்சவர்ணத்திடம் கொடுத்தனுப்பினார்கள்.

அடுத்த நாள் அவர் கைக்கு வந்தது பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு அட்டை. கோகுல்நாத் கம்ப்யூட்டரில் தானே அடித்தது. சனிக்கிழமைதோறும் ஜெனரேட்டர் பத்து நிமிடம், தீயணைப்பு பம்ப் ஐந்து நிமிடம், போட் இன்ஜின் மூன்று நிமிடம் ஓட்டிப் பார்த்து ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போட வேண்டும். இன்ஜின் கார் பார்க்கிங்கில் இரும்பு ஸ்டாண்டில் மாட்டியிருந்தது. முதல் சனிக்கிழமையே கலியமூர்த்திக்குச் சந்தேகம் வந்தது.

"சார், இதுக்கு ரேடியேட்டர் ஒண்ணும் காணோமே. சூடு ஏறுது. தண்ணி எங்கயாவது ஊத்தணுமா?"

"கம்பெனிக்காரங்க எல்லாம் செட் பண்ணிட்டுத்தான் போயிருக்காங்க. சும்மா போட்டு வெச்சா ஜாம் ஆயிடும், அதுக்குத்தான். ஜெனரேட்டர் மாதிரி நினைச்சுக்கங்க."

ஜெனரேட்டர் மாதிரியே நினைத்துக்கொண்டார். வேடிக்கை பார்க்கப் பெரியவர்கள் வந்தால் குழந்தைகளும் வந்து நிற்பார்கள். கயிற்றை இழுத்ததும் இன்ஜின் உறுமும், குழந்தைகள் கைதட்டுவார்கள். ஐந்து சனிக்கிழமை இப்படி ஓடியது. ஐந்தாவது முறை புகை வந்தது. ரிஜிஸ்தரில் குறிப்புக் கட்டத்தில் 'ரப்பர் கருகும் நாத்தம் வருது, ஆள் வரச் சொல்லவும்' என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டார். ஆள் வரவில்லை, மழை வந்தது.

ஏரி நிரம்பி வழிந்த அன்று படகில் ஒன்பது பேரை ஏற்றினார்கள். பி பிளாக் மைதிலியும், நடக்க முடியாத அவள் அப்பாவும் அதில் இருந்தார்கள். கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் இன்ஜின் ஒரு கத்து கத்தி அப்படியே நின்றுவிட்டது. கலியமூர்த்தி மார்பளவு தண்ணீரில் குதித்தார். கயிற்றைத் தோளில் சுற்றிக்கொண்டு இரண்டு மணி நேரம் இழுத்து மேட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தார். எங்கேயோ உடைந்த பாட்டில் துண்டு காலைக் கிழித்தது. கிழித்தது அவருக்கே மேட்டில் ஏறிய பிறகுதான் தெரிந்தது. அவர் இழுக்கும் வீடியோ குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் வந்ததும் நூற்றுக்கணக்கில் கும்பிடு போட்டார்கள்.

பட்டறையில் கோகுல்நாத் எழுத்துப்பூர்வமாக ரிப்போர்ட் கேட்டார். இஸ்மாயில் பாய் பில் புத்தகத்தைத் திருப்பி, 'தண்ணீர் இல்லாமல் இயக்கியதால் பழுது' என்று எழுதிக் கிழித்துக் கொடுத்தார். கோகுல்நாத் கார் எடுக்கப் போன பிறகு கலியமூர்த்தி மெதுவாகக் கேட்டார்.

"பாய், யாரு சொல்லி ஓட்டினதுன்னு அதுல ஒரு வரி எழுத முடியாதா?"

இஸ்மாயில் பாய் கழிவுத் துணியில் கையைத் துடைத்தார்.

"இன்ஜின தொறந்தா அது தெரியாதே நைனா."

சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு, வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியிலிருந்து லோகேஷ் வந்திருந்தான். மேஜை மேல் பட்டறைச் சீட்டும் ரிஜிஸ்தரும் இருந்தன. கலியமூர்த்தியும் பஞ்சவர்ணமும் கதவருகே நின்றார்கள். அவளும் அங்கேயே சி பிளாக்கைக் கூட்டித் துடைக்கிறவள். இரண்டு பேர் வேலையும், மோட்டார் ரூமை ஒட்டிய அந்த ஒற்றை அறையும் ஒரே கயிற்றில் தொங்கின. வேப்பம்பட்டில் வாடகைக்கு இருந்த வீட்டை இந்த அறையை நம்பித்தான் விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

"அஞ்சு கையெழுத்தும் உங்களதுதானே?" என்றார் கோகுல்நாத்.

"ஆமா சார். நீங்க குடுத்த அட்டைல இருந்தத செஞ்சேன்."

"அட்டைல ஓட்டச் சொல்லித்தான் இருக்கு. தண்ணி இல்லாம ஓட்டச் சொல்லி எங்க இருக்கு? தண்ணி ஹோஸ் மாட்டித்தான் ஓட்டணும்னு கம்பெனி புக்லயே தெளிவா போட்டிருக்கே."

"புக்கு உங்க பீரோல கீது சார்."

யாரோ சிரித்து, சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்கள். கலியமூர்த்தி ரிஜிஸ்தரைத் தொட்டுக் காட்டினார்.

"ரப்பர் நாத்தம் வருதுன்னு எழுதிகீறேன் பாருங்க சார். ஆள் வரச் சொல்லிகூட எழுதிகீறேன்."

கோகுல்நாத் அதைப் படித்தார். அப்போதுதான் படித்தார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"எழுதி வெச்சா போதுமா? நேர்ல வந்து சொல்ல வேணாமா?"

பஞ்சவர்ணத்துக்குப் பொறுக்கவில்லை. "மாரளவு தண்ணில உங்களையெல்லாம் இஸ்துகினு போனாரே சார், அத எந்தக் கட்டத்துல எழுதறது?"

"அத யாரும் மறுக்கலம்மா. ரொம்ப நன்றி. ஆனா அது வேற, இது வேற" என்றார் கோகுல்நாத். குரலில் கோபமே இல்லை. அதுதான் பஞ்சவர்ணத்துக்குப் பயமாக இருந்தது.

லோகேஷ் அவர்களை வெளியே கூட்டிவந்தான். "ஆள மாத்துன்றாங்க அண்ணாத்தே. நான் தகராறு பண்ணா முப்பது பேர் கான்ட்ராக்டும் பூடும். அக்காவும் இங்க வேணாமாம், குடும்பமா இருந்தா பிரச்சினையாம். வியாழக்கிழமைக்குள்ள ரூமக் காலி பண்ணிடுங்க."

"வேற எங்கனா போடுவியா?"

"பாக்கறேன்" என்றான் லோகேஷ். அவன் பார்க்கப் போவதில்லை என்று இருவருக்கும் தெரிந்தது.

வியாழக்கிழமை காலை குட்டியானை லோடு வண்டி கேட்டுக்கு வெளியே நின்றது. வேலையை விட்டுப் போகிறவர்களின் சாமான்களைப் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும் என்பது குடியிருப்பின் விதி. செக்யூரிட்டி கூச்சப்பட்டுக்கொண்டே ஒவ்வொரு மூட்டையாகப் பிரிக்கச் சொன்னான். பஞ்சவர்ணம் தெருவிலேயே உட்கார்ந்து அரிசி டப்பா, குக்கர், புடவைகள், உள்பாவாடை என எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். அவள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கலியமூர்த்தி கட்டுப்போட்ட காலை மாற்றி மாற்றி வைத்து நின்றார்.

வெளியிலிருந்து வந்த கார் ஒன்று சாமான்களுக்கு முன்னால் நின்றது. கண்ணாடி இறங்கியது. மைதிலி.

"அண்ணா, நல்லவேளை! உங்களத்தான் தேடிட்டிருந்தேன். நேத்து நைட்லேர்ந்து எங்க வீட்ல தண்ணியே வரல. அப்பாவ வேற குளிப்பாட்டணும். கொஞ்சம் வந்து பாத்துடறீங்களா?"

"வால்வுல காத்து அடைச்சிகினு இருக்கும்மா. ரெண்டே நிமிசம்" என்று சொல்லியபடியே கலியமூர்த்தி கேட்டுக்குள் காலை எடுத்து வைத்துவிட்டார். செக்யூரிட்டி குறுக்கே கையை நீட்டினான்.

"அண்ணாத்தே... உள்ள வுடக்கூடாதுன்னு சொல்லிகீறாங்க."

மைதிலி அப்போதுதான் தெருவில் கிடந்த குக்கரையும் புடவைகளையும் பார்த்தாள். அவள் முகம் ஒரு கணம் மாறியது. பின்னால் இன்னொரு கார் ஹாரன் அடித்தது.

"ஓ... சரிண்ணா. நான் ஆப்ல கம்ப்ளெயின்ட் போட்டுக்கறேன்."

பஞ்சவர்ணம் குக்கரை இழுத்து வழி விட்டாள். கார் உள்ளே போனது, தடுப்புக் கம்பி இறங்கியது.

"மொட்டமாடில ரெண்டாவது வால்வும்மா" என்று கலியமூர்த்தி கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினார். "முழுசா தொறக்கச் சொல்லாதீங்க, கால் சுத்து போதும்!"

கார் வளைவில் திரும்பி மறைந்துவிட்டது. அவர் இன்னும் கையை உயரத் தூக்கி, காற்றில் கால் சுற்று திருப்பிக் காட்டிக்கொண்டு நின்றார்.